ஸ்கேனில் ஒன்றுமில்லை, முட்டியில் வலி இருக்கிறது

ஜவுளிக் கடையில் பத்து மணி நேரம் நிற்பவர்களுக்கு வரும் முட்டிவலிக்கு ஒரு தனிக் குணம் உண்டு. சமதரையில் நடந்தால் பெரிதாகத் தெரியாது. கீழ்த்தட்டுச் சேலையை எடுக்கக் குந்தி எழும்போதும், குடோன் படி இறங்கும்போதும் முட்டிச் சில்லுக்குப் பின்னால் சுருக்கென்று பிடிக்கும். பஸ்ஸில் ஒரு மணி நேரம் காலை மடக்கி உட்கார்ந்து வந்தாலும் வலிக்கும். எக்ஸ்ரே நார்மல், எம்.ஆர்.ஐ. நார்மல், ரத்தப் பரிசோதனையும் நார்மல். "ஒண்ணுமில்லம்மா" என்று டாக்டர் சொன்னபின் கடையிலும் வீட்டிலும் அந்த வலியை யாரும் நம்புவதில்லை. வலியைவிடப் பெரிய கொடுமை அதுதான்.

ஸ்கேன் எடுக்கும்போது நாம் படுத்திருக்கிறோம், காலில் பாரமே இல்லை. வலியோ பாரம் ஏறும்போது வருகிறது. சமதரையில் நடக்கையில் முட்டிச் சில்லின் மேல் விழும் அழுத்தம் உடல் எடையைவிடக் குறைவு. படியில் அது சுமார் மூன்று மடங்காகிறது, ஆழமாகக் குந்தினால் அதற்கும் மேலே போகிறது. தொடையும் இடுப்பும் தாங்க வேண்டிய பங்கைத் தாங்காதபோது சில்லு எரிச்சலாகிறது. இது படத்தில் விழாது. வலியே இல்லாத பலருடைய ஸ்கேனில் ஜவ்வுத் தேய்மானம் தெரிவதும் உண்டு. இன்னொன்று: இடுப்பு மூட்டிலோ கீழ் முதுகிலோ உள்ள கோளாறு முட்டியில் வலியாகத் தெரியலாம். அந்த இரண்டையும் தொட்டுப் பார்க்காமல் முட்டியை மட்டும் ஸ்கேன் எடுத்திருந்தால் பரிசோதனை பாதிதான் முடிந்திருக்கிறது.

டாக்டரிடம் மறுபடி போகும்முன் 14 நாள் ஒரு சின்ன நோட்டில் எழுதுங்கள்: எத்தனை படி ஏறினோம், எத்தனை மணி நேரம் நின்றோம், மறுநாள் காலை வலி பத்துக்கு எத்தனை. "எப்பவும் வலிக்குது" என்பதைவிட "நாற்பது படிக்கு மேல் போனால் மறுநாள் ஆறு" என்பது அவருக்குப் பிடி கொடுக்கும். முட்டி வீங்கினாலோ, மடக்க நீட்ட முடியாமல் பூட்டிக்கொண்டாலோ, ராத்திரி வலி தூக்கத்தைக் கெடுத்தாலோ, காய்ச்சல் சேர்ந்தாலோ, கெண்டைக்கால் வீங்கிச் சிவந்தாலோ நோட்டுக்காகக் காத்திருக்கக் கூடாது, உடனே போக வேண்டும்.

நிற்கும்போது முட்டியைப் பின்னால் தள்ளிப் பூட்டாதீர்கள், லேசாகத் தளர்த்தி வையுங்கள். கவுண்டருக்கு அடியில் நாலு அங்குல உயரப் பலகை போட்டு ஒரு காலை மாற்றி மாற்றி ஏற்றி வைத்தால் இடுப்புக்கும் நிம்மதி. படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கும் கால் முதலில். அடிக்கடி கேட்கிற சேலைகளை இடுப்பு உயரத் தட்டுக்கு மாற்றுவது எந்த மாத்திரையைவிடவும் பயன் தரும். வலி மாத்திரையை மாதக்கணக்கில் தானாக வாங்கிப் போட்டால் வயிறும் சிறுநீரகமும் கெடலாம்.

உடற்பயிற்சியில் பலரும் தவறுவது ஒருக்களித்துப் படுத்துக் காலைத் தூக்கும் பயிற்சியில்தான். உடம்பு மெல்லப் பின்பக்கம் சாயும், கால்விரல்கள் கூரையைப் பார்க்கும். அப்போது இடுப்பின் முன்பக்கத் தசை வேலை செய்யும், பக்கவாட்டுத் தசை தூங்கும். சுவரில் முதுகையும் குதிகாலையும் ஒட்டிப் படுத்து, குதிகால் சுவரை உரசியபடியே மேலே போக வேண்டும். பத்து முறை, மூன்று சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். அடுத்தது, நாலு அங்குலப் பலகையிலிருந்து ஒரு காலால் மெல்ல இறங்குவது. கண்ணாடி முன் நின்று பாருங்கள்: முட்டி இரண்டாம் விரலுக்கு நேரே போக வேண்டும், உள்ளே சரிந்தால் பலகை உயரம் அதிகம். பயிற்சியின்போது பத்துக்கு மூன்று வரை வலிக்கலாம், மறுநாளுக்குள் பழைய நிலைக்குத் திரும்பினால் சரி. திரும்பாவிட்டால் பாதியாகக் குறையுங்கள், நிறுத்தாதீர்கள். முழு ஓய்வில் தொடை இன்னும் மெலியும். மாற்றம் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். வலி குறைந்த முதல் நாளே விட்ட வேலையெல்லாம் சேர்த்துச் செய்வதால்தான் பலருக்கும் திரும்ப வருகிறது.

கடைகளில் பணியாளருக்கு இருக்கை கட்டாயம் என்று 2021-ல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. கேரளம் 2018-லேயே இதைச் செய்துவிட்டது. ஸ்டூல் போட்டால் மட்டும் போதாது, வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் உட்கார்ந்தால் மேற்பார்வையாளர் முறைக்காமலும் இருக்க வேண்டும். உட்கார்ந்தால் முட்டி இடுப்பைவிடச் சற்றுத் தாழ்ந்திருக்கும் உயரமே சரி. அதிலும் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை காலை நீட்டி மடக்குங்கள்.