பெரிய கோயில் கல்வெட்டை ஒரே படமாக ஒட்டிப் பார்த்தேன்

என் பெரியப்பா பள்ளியில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். தஞ்சைப் பெரிய கோயிலின் அதிட்டானத்தில், அதாவது அடித்தளச் சுவரில், உள்ள கல்வெட்டுகளை முப்பது வருடமாக உட்கார்ந்தும் குனிந்தும் படித்து வந்தார். இரண்டு வருடமாக முழங்கால் ஒத்துழைக்கவில்லை. "ஒரு வரி முழுசா கண்ணுக்கு முன்னாடி வந்தா போதும்ப்பா, நான் வீட்டுல உக்காந்தே படிச்சுக்குவேன்" என்று கார்த்திகை மாதம் சொன்னார். வரியோ சுவரின் நீளத்துக்கு ஓடுகிறது. அதை ஒரு படத்துக்குள் அடக்க எவ்வளவு தள்ளி நிற்க வேண்டுமோ, அவ்வளவு தள்ளிப் போனால் எழுத்து தெரியாது. பக்கத்தில் போனால் வரி துண்டாகிவிடும். அதனால் துண்டு துண்டாக எடுத்து ஒட்டுவது என்று முடிவு செய்தேன். கையில் இருந்தது ஒரு செல்போன் மட்டும்தான்.

இதே வேலையை இதே சுவரில் 1858-இல் ஒருவர் செய்திருக்கிறார் என்பது அப்புறம்தான் தெரிந்தது. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த கேப்டன் லின்னேயஸ் ட்ரைப், விமானத்தின் அடியில் ஓடும் கல்வெட்டுகளைப் பகுதி பகுதியாக எடுத்து, 21 அச்சுகளை ஒட்டி ஏறத்தாழ 19 அடி நீளப் படமாக்கினார். அவருடைய நெகட்டிவ் மெழுகு ஏற்றிய காகிதம். ஒவ்வொன்றுக்கும் வெளிச்சம் காட்டிக் காத்திருக்க வேண்டும். எடுத்தது சரியாக வந்ததா என்று உடனே பார்க்கவும் வழி கிடையாது. அதை நினைத்தபோது எனக்குத் தைரியம் வந்தது.

ஜனவரி 4, சனிக்கிழமை

சுவருக்குப் போகும் முன் கை பழகட்டும் என்று, பிராகாரத்தின் தென்மேற்கு மூலையில் நின்று முற்றத்தைச் சுற்றி எடுத்தேன். இது சுலபம். போனைச் செங்குத்தாகப் பிடித்தால் ஒரு படத்துக்கு அகலத்தில் சுமார் 53 பாகை கிடைக்கிறது. அடுத்த படம் முந்தையதில் 40 சதவீதத்தை மறுபடி காட்டும்படி திரும்பினால், 180 பாகைக்கு 5 படம் போதும். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: உடம்பைத் திருப்பக் கூடாது, லென்ஸைத் திருப்ப வேண்டும். நாம் சாதாரணமாகத் திரும்பினால் நீட்டிய கையின் முனையில் போன் ஒரு வட்டம் போடும். இடம் மாறிய கண்ணுக்குப் பக்கத்துப் பொருளும் தூரத்துப் பொருளும் வேறு வேறு அளவில் நகர்ந்து தெரியும். முதல் முயற்சியில் பக்கத்திலிருந்த சுற்று மாளிகைத் தூண் ஒன்று இரட்டையாக வந்ததற்கு இதுதான் காரணம். லென்ஸ் இருக்கும் மூலையை ஒரே புள்ளியில் வைத்துக்கொண்டு, அதைச் சுற்றி நான் நடந்தேன். தூண் ஒன்றாகிவிட்டது. 216 அடி விமானத்தின் உச்சி மட்டும் சட்டத்துக்கு வெளியே போனது. மேல் வரிசை ஒன்று தனியாக எடுத்துச் சேர்த்தேன்.

சரி, சுவருக்கு வந்தேன். தென்புறம்தான் முதலில். மார்கழியில் சூரியன் தென்கிழக்கில் எழுவதால் காலை 8 மணி வாக்கில் வெயில் அந்தச் சுவரை உரசிக்கொண்டு போகிறது. ஒவ்வொரு எழுத்தின் வெட்டிலும் ஒரு பக்கம் நிழல் விழுந்து, கல்லில் எழுத்து எழும்பி நிற்கும். நண்பகலில் எடுத்துப் பார்த்தேன், அதே எழுத்துகள் கல்லோடு கல்லாகப் படிந்துவிட்டன. கல்வெட்டுப் படத்துக்குப் பாதி வேலையை இந்த வெயில் செய்துவிடுகிறது.

போனில் இருக்கும் பனோரமா வசதியைத் திறந்து, சுவரோரமாக நடந்தபடி எடுத்தேன். வரி படிக்கட்டு மாதிரி ஏறி இறங்கியது. அந்த வசதி ஓரிடத்தில் நின்று திரும்புபவருக்காகச் செய்யப்பட்டது. ஓடும் காட்சியிலிருந்து மெல்லிய பட்டைகளாக வெட்டி ஒட்டிக்கொண்டே போகும். நடக்கும்போது ஒவ்வொரு காலடிக்கும் போன் ஏறி இறங்குவது அதற்குப் புரியாது. திருத்தவும் வழியில்லை, ஏனென்றால் மூலப் படங்கள் நம் கையில் இருக்காது. அந்த வசதியை அன்றோடு விட்டுவிட்டேன்.

ஜனவரி 11, சனிக்கிழமை

இந்த முறை தனித்தனிப் படங்கள். சுவரிலிருந்து 1.5 மீட்டர் தள்ளி, போனைப் படுக்கையாகப் பிடித்தால் ஒரு படத்தில் 2 மீட்டர் சுவர் வருகிறது. என் பாதம் 26 சென்டிமீட்டர். குதிகாலை மறு காலின் விரலோடு ஒட்டி நான்கு முறை வைத்தால் கிட்டத்தட்ட 1 மீட்டர். அப்படி நகர்ந்து நகர்ந்து 8 மீட்டருக்கு 7 படம் எடுத்தேன். தரையில் பாவியிருக்கும் கற்களின் ஓரக்கோடு ஒன்று சுவருக்கு இணையாக ஓடியது, அதை மிதித்தபடியே நடந்ததால் தூரம் மாறவில்லை. திரையில் கட்டக்கோடுகளைப் போட்டுக்கொண்டு, அதிட்டானத்தில் உருண்டு வரும் வரிக்கல்லான குமுதத்தின் விளிம்பை ஒவ்வொரு படத்திலும் கீழ்க்கோட்டின் மேல் உட்கார வைத்தேன். எடுக்கத் தொடங்கும் முன் திரையை அழுத்திப் பிடித்து ஒளியையும் குவியத்தையும் பூட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒரு படம் பழுப்பாகவும் அடுத்தது வெளுத்தும் வந்து, ஒட்டிய இடம் தழும்பு போலத் தெரியும்.

ஒட்டும் செயலியில் ஏழையும் கொடுத்தேன். இந்தச் செயலிகள் வேலை செய்யும் விதம் எனக்கு மிகவும் பிடித்தது. ஒவ்வொரு படத்திலும் மூலை, புள்ளி, வெட்டு என்று அடையாளம் காணத்தக்க நூற்றுக்கணக்கான இடங்களைப் பொறுக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு கைரேகை எழுதிக்கொள்கின்றன. படம் சுழன்றாலும் சிறுத்தாலும் மாறாத கைரேகை. 1999-இல் கணினி ஆய்வாளர் டேவிட் லோவ் வெளியிட்ட முறை இது. பிறகு அவரும் மேத்யூ பிரவுனும் சேர்ந்து, எந்தப் படத்துக்குப் பக்கத்தில் எந்தப் படம் என்பதைக்கூடத் தானே கண்டுபிடித்து ஒட்டும் முறையை 2003-இல் கொண்டுவந்தார்கள். பொருந்தாத சோடிகளைக் கழித்துவிட்டு, மீதியை வைத்து ஒரு படத்தை மற்றதன் மேல் எப்படிச் சாய்த்து இழுத்துப் படிய வைப்பது என்று கணக்குப் போடுகிறது செயலி.

அந்தக் கணக்கு ஒரு தட்டையான பரப்புக்குத்தான் சரியாக வரும். அதிட்டானம் தட்டை இல்லை. சுவர் சற்று முன்னே பிதுங்கும், பிறகு உள்ளே போகும், மறுபடி பிதுங்கும். 20 சென்டிமீட்டர் உள்வாங்கிய பகுதியை 1.5 மீட்டரிலிருந்து எடுத்து, 1 மீட்டர் நகர்ந்து மறுபடி எடுத்தால், முன்பகுதியும் பின்பகுதியும் ஒன்றுக்கொன்று கிட்டத்தட்ட 12 சென்டிமீட்டர் விலகித் தெரிகின்றன. இரண்டையும் ஒரே நேரத்தில் பொருத்த முடியாது. செயலி எங்கோ ஓரிடத்தில் தையல் போட்டு, இரண்டு பக்கத்தையும் குழைத்து மறைத்துவிடுகிறது.

அது மறைத்த இடத்தை நான் பார்க்கவில்லை. படம் அழகாக இருந்தது. வீட்டுக்குப் போய்த் தொலைக்காட்சியில் போட்டேன். பெரியப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரலை நீட்டியபடி வாசித்தார். நகைகளின் எடை சொல்லும் வரி அது. கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என்று போய்க்கொண்டே இருந்தவர் நின்றார்.

"இங்க ஒரு எழுத்து இல்லையேப்பா. கல்லுல இருக்கும். உன் படத்துலதான் இல்ல."

மூலப் படத்தைத் திறந்து பார்த்தேன். ஒட்டிய படத்தில் ஒரு துணைக்கால் (ா) விழுந்துபோயிருந்தது. பக்கத்து எழுத்து ஒட்டிக்கொண்டு, அங்கே எதுவும் இருந்ததே இல்லை என்பதுபோல் கல் வழுவழுப்பாகத் தெரிந்தது. அந்தக் காலக் கல்வெட்டில் புள்ளி பெரும்பாலும் வைப்பதில்லை, எகர ஏகாரமும் ஒரே மாதிரி. காலும் ரகரமும்கூட ஒரே வடிவம். சூழலை வைத்துத்தான் படிக்க வேண்டும். அதில் ஒரு கோடு காணாமல் போனால், படிப்பவர் ராஜராஜன் வெட்டச் சொல்லாத ஒன்றைப் படிப்பார். "நாம் குடுத்தனவும் அக்கன் (அக்கா) குடுத்தனவும் ... கல்லிலே வெட்டுக" என்று சொல்லி, மற்றவர் கொடுத்ததையும் விடாமல் பதிய வைத்த மன்னன். ஆயிரம் வருடம் கல்லில் நின்ற கணக்கை என் போன் ஒரு நொடியில் திருத்திவிட்டது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஜனவரி 18, சனிக்கிழமை

பொங்கல் கூட்டம் குறைந்த பிறகு மறுபடி போனேன். மூன்று விஷயங்களை மாற்றினேன். 3 மீட்டர் தள்ளிப் போய் போனின் இரண்டு மடங்கு லென்ஸால் எடுத்தேன். அதே 2 மீட்டர் சுவர்தான் வருகிறது, ஆனால் விலகல் ஏறத்தாழ பாதியாகக் குறைகிறது. இரண்டாவது, நகர்வை அரை மீட்டராக்கினேன், அதாவது இரண்டு பாதம். அப்போது விலகல் 3 சென்டிமீட்டர் அளவுக்கு இறங்குகிறது. 8 மீட்டருக்கு 13 படம் ஆயிற்று, பரவாயில்லை. வரிசை முழுவதும் எடுக்க மூன்று நிமிடம்கூட ஆகாது என்பதால் வெயில் நகர்வதில்லை. நடுவில் யாராவது கடந்தால் நிழல் விழும். அந்தப் படத்தை மட்டும் மறுபடி எடுக்கலாம்.

மூன்றாவதுதான் முக்கியம். எல்லாவற்றையும் மொத்தமாகச் செயலியிடம் கொடுப்பதை நிறுத்திவிட்டேன். முன்னே பிதுங்கிய பகுதியைத் தனியாக, உள்வாங்கியதைத் தனியாக ஒட்டினேன். ஒரே தளத்தில் இருப்பதால் ஒவ்வொன்றும் கச்சிதமாகப் பொருந்தியது. பிறகு அந்தத் துண்டுகளைக் கல் மடங்கும் விளிம்பில் நேராக வெட்டி, பக்கத்தில் பக்கம் வைத்தேன். குழைக்கவில்லை. இணைப்பு கோடாகவே தெரிகிறது, தெரியட்டும். ட்ரைப்பின் அச்சுகளைப் பார்த்தால் இணைப்பு எங்கே என்று கண்டுபிடித்துவிடலாம். எங்கே ஒட்டினோம் என்பதை ஒளிக்காத படத்தைத்தான் படிப்பவர் நம்ப முடியும் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். சில செயலிகள் ஒட்டிய படத்தைச் சேமிக்கும்போது சத்தமில்லாமல் சுருக்கிவிடுகின்றன. என் கணக்குப்படி 16,000 பிக்சல் அகலம் வர வேண்டிய படம் ஒரு முறை அதில் கால்வாசிதான் இருந்தது. சேமித்ததும் அளவைப் பார்த்துவிடுவது நல்லது.

ஜனவரி 25, சனிக்கிழமை

மூலப் படங்களை ஒரு பக்கமும் ஒட்டியதை மறுபக்கமும் வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிட்டேன். காலை 10 மணிக்கு உட்கார்ந்து மாலை 4 வரை ஆயிற்று. ஓரிடத்தில் ஒரு எழுத்து லேசாக நீண்டிருந்தது, அந்தத் துண்டை மறுபடி ஒட்டினேன். வேறு எதுவும் விழவில்லை.

பெரியப்பா நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டுக்கொண்டார். இரண்டு வாரத்துக்கு முன் நின்ற இடத்துக்கு வந்ததும் திரும்பி என்னைப் பார்த்துவிட்டு மேலே படித்தார். 8 மீட்டரையும் முடிக்க ஒன்றரை மணி நேரம் எடுத்துக்கொண்டார். காபி ஆறிப்போனது.

வடபுறச் சுவர் எப்போது என்று கேட்டார். மார்ச் 21-க்குப் பிறகு சூரியன் கிழக்கைத் தாண்டி வடக்கே எழத் தொடங்கும், அப்போதுதான் காலை வெயில் அந்தப் பக்கத்தை உரசும் என்றேன். பங்குனியில் ஒரு சனிக்கிழமையை நாட்காட்டியில் வட்டம் போட்டு வைத்திருக்கிறார்.