உலக்கையும் உரலும்: நாக் அடிக்காத ஒரு ரெண்டு லிட்டர்

நேற்று இரவு ஒன்றரை மணிக்கு, கார் எஞ்சின் வடிவமைக்கும் ஆட்டோமேஷன் என்ற கம்ப்யூட்டர் விளையாட்டில், நாக் எச்சரிக்கை அணைந்தது. நாக் என்றால் தீப்பொறியின் தீ வந்து சேருமுன்பே பெட்ரோல்-காற்றுக் கலவை தானாக வெடித்து எஞ்சினைத் தட்டுவது. கம்ப்ரெஷன் (கலவையை அமுக்கும் விகிதம்) 8.4, சாதாரண ஈயப் பெட்ரோல், ஒரே ஒரு டூ-பேரல் கார்ப் (கார்புரேட்டர்), பாகங்களின் தரத்தை ஏற்றும் ஸ்லைடர் எல்லாமே பூஜ்யத்தில். மூன்று வாரமாக இதற்காகத்தான் உட்கார்ந்திருந்தேன். கத்தலாம் என்று இருந்தது, பக்கத்து அறையில் அம்மா தூங்கிக்கொண்டிருந்ததால் நாற்காலியை ஒரு சுற்று சுற்றிவிட்டுப் படுத்துவிட்டேன்.

ஆட்டோமேஷன் விளையாடுகிறவர்களுக்கு இது அற்பமாகத் தெரியலாம். தர ஸ்லைடரை பிளஸ் 15-க்குத் தள்ளி, பிரீமியம் பெட்ரோல் ஊற்றி, ஃபியூயல் இன்ஜெக்ஷன் மாட்டினால் 1985-இல் இதைவிட எவ்வளவோ எடுக்கலாம். அதெல்லாம் எனக்கும் தெரியும். ஆனால் நான் எடுத்துக்கொண்ட வேலை வேறு. சென்னையில், வண்டலூர் பக்கம் இருந்த தொழிற்சாலையில் 1985 முதல் 1988 வரை செய்த ஸ்டாண்டர்ட் 2000-த்துக்கு ஒரு ஒன்றுவிட்ட தம்பி. உடல் அதே மாதிரி, எஞ்சின் நான் தீர்மானிப்பது.

அந்த வண்டியின் கதை பலருக்கும் தெரிந்ததுதான். உடல் ரோவர் எஸ்.டி.1. 1976-இல் இங்கிலாந்தில் 3.5 லிட்டர் வி8 எஞ்சினுடன் வந்து, 1977-க்கான ஐரோப்பாவின் சிறந்த கார் விருது வாங்கிய அழகி. அதற்குள் இங்கே வைத்தது ஸ்டாண்டர்ட் வேன்கார்ட் பரம்பரையைச் சேர்ந்த பழைய 1991 சி.சி. நாலு சிலிண்டர். 83 எச்.பி. அந்தப் பரம்பரையின் இன்னொரு கிளை ஃபெர்குசன் டிராக்டரில் உழுதுகொண்டிருந்தது. பட்டுப்புடவை கட்டி, காலில் ரப்பர் செருப்பு போட்ட கதை. விற்கவில்லை.

ஆனால் எஞ்சினைத் திட்டுவதற்கு முன் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அதே 1991 சி.சி.தான், அதே 83 மில்லிமீட்டர் போர் (சிலிண்டரின் விட்டம்), 92 ஸ்ட்ரோக்தான் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்), 1953-இல் டிரையம்ஃப் டி.ஆர்.2 ஸ்போர்ட்ஸ் காரில் இருந்தது. இரண்டு எஸ்.யு. கார்ப், 8.5 கம்ப்ரெஷன், 90 எச்.பி. ஒரு டன்னுக்கும் குறைவான வண்டி, பறந்தது. எஞ்சின் மோசம் என்று இல்லை, இடமும் காலமும் மாறிப்போய்விட்டது. அப்படியானால் டி.ஆர்.2 மாதிரி முறுக்கிவிட்டால் பெரிய உடலையும் இழுக்குமே என்றுதான் ஆரம்பித்தேன்.

முதல் ஃபேமிலிக்கு, அதாவது எஞ்சினின் அடிப்படை வடிவத்துக்கு, ‘உலக்கை’ என்று பெயர் வைத்தேன். 1948 மாடல், 83-க்கு 92, வார்ப்பிரும்பு பிளாக், ஓ.ஹெச்.வி. (வால்வு மேலே, அதை இயக்கும் தண்டு கீழே). நீள ஸ்ட்ரோக் மேலும் கீழும் இடிக்கிற இடிக்கு வேறு பெயர் பொருந்தாது. வேரியன்ட் (அதிலிருந்து எடுத்த பதிப்பு) ஆண்டு 1985. கம்ப்ரெஷன் 7.5, கேம் (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு) 30 வைத்து ஓட்டினால் 4400-இல் 79 எச்.பி. நிஜத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டது என்று அன்று மகிழ்ச்சி. அப்புறம் கம்ப்ரெஷனை 8.5-க்கு ஏற்றினேன். நாக். டைமிங்கை, அதாவது தீப்பொறி விழும் நேரத்தை, பின்னால் இழுத்தேன். நாக் நின்றது, பவரும் நின்றது. 80 எச்.பி. ஒரு எச்.பி.க்கு இவ்வளவு பாடா?

இங்கேதான் மூன்று வாரம் போனது. கம்ப்ரெஷன், கேம், டைமிங், மிக்ஸ்சர் இந்த நாலும் ஒன்றின் காலை ஒன்று மிதிக்கும். கம்ப்ரெஷனைக் கூட்டினால் பவரும் மைலேஜும் கூடும், நாக்கும் வரும். டைமிங்கைத் தாமதப்படுத்தினால் சிலிண்டருக்குள் உச்ச அழுத்தம் குறையும், நாக் நிற்கும், ஆனால் சூடு எல்லாம் சைலன்சர் வழியாகப் போய்விடும். மிக்ஸ்சரில் பெட்ரோலைக் கூட்டினால் அது ஆவியாகும்போது உள்ளே குளிரும், நாக் நிற்கும், மைலேஜ் பாதாளத்துக்குப் போகும். அன்று இங்கே பெட்ரோல் பங்குகளில் 87 ஆக்டேன், 93 ஆக்டேன் என்று இரண்டு பெட்ரோல்; ஆக்டேன் கூடினால் நாக்கைத் தாங்கும். குறைந்த ரகத்தில் ஓட வேண்டும் என்பதுதான் எனக்கு நானே போட்ட விதி, ஆகவே பெட்ரோலை மாற்றித் தப்பிக்கவும் வழியில்லை.

இதை எங்கள் தெரு ஒர்க்‌ஷாப் அண்ணனிடம் சொன்னேன். அம்பாசடர் காலத்திலிருந்து கை கறுத்தவர். கேம் பற்றி எல்லாம் விளக்கி முடித்ததும் கேட்டார்: “தம்பி, வண்டி எங்க நிக்குது?”

“கம்ப்யூட்டர்ல அண்ணே.”

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “சரி, மேடு ஏறும்போது அடிக்குதா, ஓடும்போது அடிக்குதா?” என்றார்.

அந்தக் கேள்விதான் திருப்பம். நான் அதுவரை நாக் இருக்கிறதா இல்லையா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன், எந்த ஆர்.பி.எம்.மில் என்று பார்க்கவே இல்லை. வீட்டுக்கு வந்து கிராஃபை மறுபடி பார்த்தால் எல்லாம் கீழேயே இருக்கிறது. 2500-க்குக் கீழே திணறல், 3500-க்கு மேல் சுத்தம். மெதுவாகச் சுற்றும்போது கலவைக்குக் கொதித்து வெடிக்க நேரம் அதிகம், அதுதான் காரணம். அப்படியானால் கீழே மட்டும் அழுத்தத்தைக் குறைத்தால் போதும். அதைச் செய்வது டைமிங் இல்லை, கேம்.

கேம் ஸ்லைடரை நான் பவர் ஸ்லைடர் என்று நினைத்திருந்தேன். ஏற்றினால் மேலே பவர், இறக்கினால் கீழே டார்க் (இழுவை), அவ்வளவுதான் என்று. உண்மையில் கேம் பெரிதாகும்போது இன்டேக் வால்வு தாமதமாக மூடும். மெதுவாகச் சுற்றும் எஞ்சினில் பிஸ்டன் மேலே வரும்போது உள்ளே வந்த காற்றில் கொஞ்சத்தைத் திரும்ப வெளியே தள்ளிவிடும். தாளில் கம்ப்ரெஷன் 8.4 என்று இருந்தாலும், 2000 ஆர்.பி.எம்.மில் எஞ்சின் உணர்வது அதைவிடக் குறைவு. வேகம் ஏறினால் காற்றுக்கே ஓட்டம் வந்துவிடும், திரும்பிப் போகாது. அதாவது கம்ப்ரெஷனையும் கேமையும் சேர்த்தே ஏற்ற வேண்டும். ஒன்றை ஏற்றி இன்னொன்றைத் தொடாமல் இருந்ததுதான் என் மூன்று வார முட்டாள்தனம்.

அப்புறம் நோட்டுப் புத்தகம். கேமை இரண்டு இரண்டாக, கம்ப்ரெஷனை 0.1 ஆக. நாற்பது வரி வந்தது. கேம் 30-இல் கம்ப்ரெஷன் 7.8-க்கு மேல் போகாது. 36-இல் 8.1. 42-இல் 8.4. 48-இல் 8.6 வரை போகும், ஆனால் அதற்குள் கீழே டார்க் வற்றிவிடும், டிரைவபிலிட்டி (ஓட்ட எளிமை) விழும், 1300 கிலோ உடலைச் சிக்னலில் நகர்த்துவதற்குள் பின்னால் நிற்பவன் ஹாரன் அடிப்பான். 42-இல் நிறுத்தினேன். டைமிங்கை ஒரு சொட்டுப் பின்னால். மிக்ஸ்சரைத் தொடவில்லை.

இதற்கு நடுவில் மவுஸ் சொதப்பியது தனிக் கதை. சக்கரம் தேய்ந்துபோய், ஒரு படி உருட்டினால் மூன்று படி ஓடும். நாலு நாள் எடுத்த கணக்கில் பாதி, மவுஸ் தானாக மாற்றிய டைமிங்கில் எடுத்தது என்று பிறகுதான் தெரிந்தது. இரண்டாம் கையாக வாங்கியது, கடைக்காரர் “புதுசு மாதிரி சார்” என்றார். மாதிரி. இப்போது எண்களைத் தட்டச்சு செய்துதான் போடுகிறேன்.

உலக்கைக்கு இந்த மருந்தைக் கொடுத்ததும் 86 எச்.பி. வந்தது. ஆனால் 5000-க்கு மேலே போக விடாமல் எஞ்சினின் அடிப்பகுதி (கிராங்க், கனெக்டிங் ராடு) தாங்காது என்று விளையாட்டு சிவப்பு காட்டிவிட்டது. 92 ஸ்ட்ரோக்கில் 5000 என்றால் பிஸ்டனின் சராசரி வேகம் விநாடிக்கு 15.3 மீட்டர். வார்ப்புக் கிராங்குக்கும் வார்ப்புக் கனெக்டிங் ராடுக்கும் அது போதும் போதும் என்று ஆகிவிடுகிறது. வேரியன்டில் போரை ஏற்றிச் சமாளிக்கலாமா என்றால், ஃபேமிலியில் வைத்த அளவுக்கு மேலே போக முடியாது. நிஜத்திலும் பிளாக்கை எவ்வளவுதான் கடைவது.

அதனால் இரண்டாவது ஃபேமிலி: ‘உரல்’. போர் 89, ஸ்ட்ரோக் 80. கணக்குப் போட்டுப் பாருங்கள், இதுவும் 1991 சி.சி.தான். அந்த எண் வந்தபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது, வீட்டில் யாருக்கும் சிலிர்க்கவில்லை. இதுவும் ஓ.ஹெச்.வி., அதே கார்ப், அதே கேம், அதே கம்ப்ரெஷன். 5300-இல் 94 எச்.பி. சுமார் 5600-இல் வால்வு ஃப்ளோட் (வால்வு கேமோடு ஒட்டி ஓட முடியாமல் மிதப்பது) தொடங்குகிறது, அதற்கு மேல் ஓ.ஹெச்.வி.யிடம் எதிர்பார்ப்பதும் தப்பு.

இப்போது நான் தோற்ற இடம். நீள ஸ்ட்ரோக் என்றால் இழுவை, குட்டை ஸ்ட்ரோக் என்றால் ஓட்டம் என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவன். ஆகவே மேட்டில் உலக்கைதான் ஜெயிக்கும் என்று ஒர்க்‌ஷாப் அண்ணனிடம் டீ பந்தயம் கட்டினேன். அவரும் உலக்கைப் பக்கம்தான் என்பதால் பந்தயமே நடக்கவில்லை, அது வேறு. இரண்டையும் ஒரே கியர்பாக்ஸில் பீம்என்ஜி டிரைவ் என்ற கார் ஓட்டும் விளையாட்டுக்கு ஏற்றுமதி செய்து, இத்தாலி வரைபடத்து மலைச்சாலையில் மூன்றாவது கியரில் 40-லிருந்து 80 வரை ஓட்டிப் பார்த்தேன். உலக்கை 11.9 விநாடி, உரல் 11.6. திரும்பத் திரும்ப ஓட்டியும் அதே. கிராஃபைப் பார்த்தால் 3000 வரை இரண்டு டார்க் கோடுகளும் ஒட்டிப் பிறந்தவை மாதிரி. அளவு ஒன்று, கம்ப்ரெஷன் ஒன்று, கேம் ஒன்று என்றால் ஒவ்வொரு வெடிக்கும் கிடைக்கும் வேலையும் கிட்டத்தட்ட ஒன்றுதான். கிராங்கின் கை நீளம் கூடினால் பிஸ்டனின் பரப்பு குறைகிறது, சரியாகப் போச்சு. பழைய நீள ஸ்ட்ரோக் எஞ்சின்கள் கீழே நன்றாக இழுத்தது, அவற்றில் சின்னக் கேம் இருந்ததால். அண்ணன் இதை ஒப்புக்கொள்ளவில்லை. “கம்ப்யூட்டர்ல மேடு ஏது?” என்கிறார்.

உரலின் உண்மையான லாபம் கியரில் இருக்கிறது. மேலே சுற்றும் என்பதால் ஃபைனல் டிரைவை (சக்கரத்துக்கு முந்தைய கடைசிப் பல்சக்கர விகிதம்) 3.45-லிருந்து 3.90-க்குக் குட்டையாக்கலாம், டாப் ஸ்பீடு கெடாது. சக்கரத்துக்குப் போகும் இழுவை எட்டில் ஒரு பங்கு கூடும். 0-100 உலக்கையில் 15.8 இருந்தது, இப்போது 13.4. ஹைவேயில் சத்தமும் மைலேஜும் கொஞ்சம் அடி வாங்கும், வாங்கட்டும்.

இதெல்லாம் நடந்த பிறகு யோசித்தால், இந்துஸ்தான் மோட்டார்ஸின் கான்டெஸா செய்ததும் இதுதானே. 1984-இல் அந்தப் பெரிய உடலுக்குள் அம்பாசடரின் 1489 சி.சி. பி சீரிஸைப் போட்டு அனுப்பினார்கள், 73-க்கு 88.9, இன்னொரு உலக்கை. அப்புறம் இசுசுவின் 1817 சி.சி. வந்ததும் வண்டியே வேறு வண்டி. அது 84-க்கு 82, கிட்டத்தட்ட உரல். அதே இசுசு பிறகு அம்பாசடருக்குள்ளும் போனது. ஸ்டாண்டர்ட் 2000-த்துக்கு அப்படி ஓர் இரண்டாம் எஞ்சின் வரவே இல்லை.

உடலைப் பற்றி எழுதவில்லை என்று கேட்பீர்கள். விளையாட்டுக்காரர்கள் தாங்கள் செய்ததைப் பகிரும் ஸ்டீம் ஒர்க்‌ஷாப்பில் எழுபதுகளின் ஃபாஸ்ட்பேக் உடல்கள் நாலைந்து பார்த்தேன். ஒன்றில் பின்கதவு மார்ஃப் செய்யும்போது (இழுத்து வடிவம் மாற்றும்போது) கண்ணாடி நெளிகிறது, இன்னொன்றில் வீல்பேஸ் போதவில்லை. எடுத்துக்கொண்டதில் முன்பக்கம் பாதி முடிந்தது. ஹெட்லைட்டுக்கு மட்டும் இருபத்திரண்டு ஃபிக்சர் (உடலில் ஒட்டும் துண்டுகள்). இடது பக்கம் நன்றாக இருக்கிறது, வலது பக்கம் ஒரு சின்ன விளக்கு மில்லிமீட்டர் கணக்கில் வெளியே துருத்துகிறது, ஏன் என்று தெரியவில்லை. பின்விளக்கு இன்னும் வைக்கவே இல்லை, இப்போதைக்கு வண்டி பின்னாலிருந்து பார்க்க மொட்டைச் சுவர்.

அதை முடிக்காமல் அடுத்ததற்கு மனசு ஓடுகிறது. 2006 வரிச்சலுகைக்கு நாலு மீட்டருக்குக் குறைவு, பெட்ரோல் என்றால் 1200 சி.சி.க்குள் என்று வந்ததே, அந்த வரம்புக்குள் ஒரு மூணு சிலிண்டர் டர்போ. 3.99 மீட்டர், டிக்கி வெட்டின செடான், எவ்வளவு அசிங்கமாக முடியுமோ அவ்வளவு. இன்னொரு ஆசை, இதே உரலை 1995-க்கு இழுத்துக்கொண்டு வருவது. அந்த ஆண்டுதான் சென்னை உட்பட நாலு பெருநகரங்களில் ஈயமில்லாப் பெட்ரோலும் புதுக் கார்களுக்குப் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் வந்தன. கன்வெர்ட்டர் மாட்டினால் ஈயப் பெட்ரோல் கிடையாது, ஆக்டேன் கணக்கு மறுபடி மாறும், நாற்பது வரியையும் திரும்ப எழுத வேண்டும்.

சும்மா பார்க்கலாம் என்று இன்று காலை அதே வேரியன்டை நகல் எடுத்து ஆண்டை மாற்றி, கன்வெர்ட்டரை மாட்டி, ஈயமில்லாததில் குறைந்த ரகத்தை ஊற்றி ஓட்டினேன். நாக்.