ஔவையாருக்கு விழுந்த பூஜ்ஜியம்

2021 ஜூன். கொரோனாவின் இரண்டாவது அலை அடங்கியும் அடங்காமலும் இருந்த நேரம். கல்வித் தொலைக்காட்சியில் பாடம் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் பள்ளியில் வகுப்புக்கு ஒரு வாட்ஸப் குழு. காலையில் வீட்டுப்பாடம் போட்டால் சாயங்காலத்துக்குள் நாற்பது பேர் நோட்டைப் படம் பிடித்து அனுப்புவார்கள். தலைகீழாக, அரை வெளிச்சத்தில், ஓரத்தில் தம்பியின் கால் தெரிய. யார் அனுப்பியது, யார் அனுப்பாதது என்று கணக்கு டீச்சர் ஒரு நோட்டில் கோடு போட்டுக்கொண்டே வருவார். நடுவில் யாராவது ஒரு அப்பா ரோஜாப்பூவோடு காலை வணக்கம் போட்டுவிட்டால் எண்ணிக்கை தப்பிவிடும்.

நான் அங்கே கம்ப்யூட்டர் வாத்தியார். காவிரிப் பாசனப் பக்கம், அரசு உதவி பெறும் மேல்நிலைப் பள்ளி. கம்ப்யூட்டர் வாத்தியார் என்றால் ஸ்டாஃப் ரூம் ஃபேன் ஓடாவிட்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஹெச்.எம். கூப்பிட்டு, "சார், இதுக்கு ஒரு ஏற்பாடு பண்ணுங்க. ஆனா செலவு ஆகக் கூடாது" என்றார்.

முதலில் கூகுள் கிளாஸ்ரூம்தான் வைத்துப் பார்த்தேன். சின்னப் பள்ளிக்கு அது தாராளமாகப் போதும், இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன். எங்களுக்குச் சரிப்படாததற்குக் காரணம் வேறு. பாதிப் பிள்ளைகளுக்குச் சொந்த மெயில் ஐடி கிடையாது. அப்பாவின் போன், அப்பாவின் கணக்கு. வகுப்புப் பட்டியலைத் திறந்தால் பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவில் ஒரு டிராக்டர் ஒர்க்ஷாப்பும் இரண்டு மளிகைக் கடையும் படித்துக்கொண்டிருந்தன. ஐடியை நாமே உண்டாக்கித் தரும் வசதி வேண்டும் என்று மூடுலுக்குப் போனோம். இணையத்தில் பாடமும் தேர்வும் நடத்துவதற்கான கட்டற்ற மென்பொருள் அது, ஆஸ்திரேலியாவின் மார்ட்டின் டூகியாமாஸ் தொடங்கியது, 2002-லேயே முதல் பதிப்பு வந்தது. மென்பொருளுக்குக் காசில்லை, அதை வைக்கிற இடத்துக்குத்தான், அதாவது சர்வருக்குத்தான் காசு. அந்த வருடச் சந்தாவை வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர் ஒருவர் ஏற்றுக்கொண்டார்.

நிறுவியது ஒரே ராத்திரி. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. மறுநாள் பெயர்ப் பட்டியலை ஏற்ற உட்கார்ந்தபோதுதான் ஆரம்பித்தது.

முதல் பெயர், கடைசிப் பெயர் இரண்டும் கட்டாயம் என்கிறது மூடுல். நம் பிள்ளைகளுக்கு ஏது கடைசிப் பெயர்? இனிஷியலைக் கடைசிப் பெயர் கட்டத்தில் போட்டேன். 'முருகன் எஸ்' என்று வந்தது, தொலையட்டும் என்று விட்டேன். மதிப்பெண் பட்டியலைத் திறந்தால் 'ஏ' இனிஷியல்காரர்கள் எல்லாம் மேலே, 'வி' இனிஷியல் எல்லாம் கீழே. வருகைப் பதிவேட்டு வரிசை எங்கே என்று டீச்சர்கள் கேட்டார்கள். பதிவேட்டு வரிசைதான் அவர்களுடைய உலகம், ரோல் நம்பர் 17 யார் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள். கடைசியில் முதல் பெயர் கட்டத்தில் '17 எஸ். முருகன்' என்று எண்ணோடு சேர்த்து எழுதி, கடைசிப் பெயர் கட்டத்தில் வகுப்பையும் பிரிவையும் போட்டேன். ஒற்றை இலக்கத்துக்கு முன்னால் பூஜ்ஜியம் வேண்டும், இல்லையென்றால் 2-க்கு முன்னால் 10 வந்து நிற்கும். மூடுல் வல்லுநர் யாராவது பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வார். ஆனால் அன்றிலிருந்து பட்டியல் பற்றி ஒரு புகார் வரவில்லை.

மெயில் முகவரியும் கட்டாயம். இல்லாத பிள்ளைகளுக்கு வாய்க்கு வந்த முகவரியைப் போட்டால் அது எவருடையதாகவாவது இருந்து, நம் பிள்ளையின் மதிப்பெண் அவருக்குப் போகும். இதற்கு ஒரு வழி உண்டு. 'டாட் இன்வாலிட்' என்று முடியும் முகவரி உலகில் யாருக்கும் கிடையாது, அதற்கென்றே ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். அப்படி முடிந்தால் மூடுல் மெயில் அனுப்பவே முயலாது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாள் ஆனது, படிப்பவர்களுக்கு மிச்சமாகட்டும்.

கடவுச்சொல் விஷயத்தில் நான் செய்தது மடத்தனம். பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எண், குறியீடு எல்லாம் வேண்டும் என்று மூடுல் தானாகவே கேட்கும். பிள்ளைகளுக்குக் கஷ்டம் என்று அந்த விதியைத் தளர்த்தி, பிறந்த தேதியைக் கடவுச்சொல்லாக வைத்தேன். ஒரே வகுப்பில் எட்டு வருடம் ஒன்றாகப் படித்தவர்கள், ஒருவன் பிறந்தநாளுக்கு எல்லோரும் மிட்டாய் தின்றவர்கள். இரண்டாவது வாரமே ஒருவன் நண்பனின் கணக்கில் நுழைந்து வேண்டுமென்றே எல்லாவற்றுக்கும் தப்பு விடை கொடுத்திருந்தான். ஐடியையும் புதுக் கடவுச்சொல்லையும் பஸ் டிக்கெட் அளவுக்கு அச்சடித்து, புத்தகம் வாங்கப் பெற்றோர் வந்த அன்று கையில் கொடுத்தோம்.

இனி ஆசிரியர்கள். முதல் பயிற்சியை கூகுள் மீட்டில் வைத்தேன், இரண்டு மணி நேரம். ஒவ்வொரு மெனுவாகத் திறந்து காட்டினேன். இருபத்தாறு பேர் இருந்தார்கள். "சூப்பர் சார்", "நல்லா புரிஞ்சது சார்" என்று சாட்டில் வந்துகொண்டே இருந்தது. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் ஒருவர்கூட ஒரு வரி ஏற்றவில்லை. யாருக்கும் சோம்பல் இல்லை. எதையாவது தப்பாக அழுத்தி, அது பிள்ளைகளுக்குத் தெரிந்து சிரிப்பார்களோ என்ற பயம். இருபது வருடம் கரும்பலகை முன்னால் நின்றவர்களுக்கு அந்தப் பயம் சாதாரணமானது இல்லை. அதன் பிறகு கூட்டுப் பயிற்சியே வைக்கவில்லை. ஒவ்வொருவராகப் பள்ளிக்கு வரச்சொல்லி, அவரவர் பாடத்தை அவரவர் கையாலேயே ஏற்றவைத்தேன். மௌஸை மட்டும் நான் தொடுவதில்லை என்று சபதம். முதலில் காட்டியதும் 'மாணவராகப் பார்' என்ற வசதியைத்தான். பிள்ளைகளுக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்று கண்ணால் பார்த்த பிறகுதான் விரல் தைரியமாக நகர்ந்தது.

தமிழ் ஐயா மட்டும் வரவில்லை. ஓய்வு பெற மூன்று வருடம் இருந்தது. போன் செய்தால், "தம்பி, எங்கிட்ட பதினைஞ்சு வருஷ வினாத்தாள் கம்ப்யூட்டர்லயே இருக்கு. நீங்களே ஏத்திவிட்டுடுங்க" என்றார். பென்டிரைவை வாங்கித் திறந்தேன். 'தமிழ்' என்று இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கிலத்தில் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி.

டி.டி.பி. கடைப் பக்கம் போனவர்களுக்குப் புரிந்திருக்கும். பாமினி. அந்த எழுத்துரு இருக்கும் கம்ப்யூட்டரில்தான் அது தமிழ், வேறு எங்கே போனாலும் ஆங்கிலக் குப்பை. சில கோப்புகள் வானவில் என்ற இன்னோர் எழுத்துருவில் வேறு. எந்தக் கம்ப்யூட்டரிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடைத் தமிழ்நாடு அரசு 2010-லேயே தரமாக ஏற்றுக்கொண்டுவிட்டது, ஆனால் எங்கள் ஊர் அச்சகத்துக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச்சேரவில்லை. என்.ஹெச்.எம். கன்வெர்ட்டர் என்ற நிரலில் போட்டு யூனிகோடுக்கு மாற்றினேன். எண்களும் ஆங்கிலச் சொற்களும் வந்த இடங்களில் கன்னாபின்னா என்று மாறியது. ஒவ்வொன்றாகப் பார்த்துத் திருத்த ஆள் வேண்டும், தமிழ் தெரிந்த ஆள். "ஐயா, நீங்க வந்தாத்தான் ஆகும்" என்றேன். வந்தார்.

வினாக்களை மொத்தமாக ஏற்ற ஐக்கன் (Aiken) என்று ஓர் எளிய வடிவம் இருக்கிறது. ஒரு வரியில் கேள்வி, அடுத்த நான்கு வரியில் விடைகள், கடைசி வரியில் சரியான விடையின் எழுத்து. அவ்வளவுதான், நோட்பேட் போதும். ஐயாவுக்கு அது உடனே பிடித்துவிட்டது, வினாத்தாள் மாதிரியே இருக்கிறது என்றார். அன்று மாலையே நாற்பது வினா தயார் செய்தார். ஏற்றினால் ஒன்றுகூட ஏறவில்லை. அ, ஆ, இ, ஈ என்று வரிசை போட்டிருந்தார். ஐக்கனுக்கு ஆங்கில ஏ, பி, சி, டி மட்டும்தான் தெரியும். "தமிழ் வினாவுக்கு எதுக்கு இங்கிலீஷ் எழுத்து?" என்று கோபித்துக்கொண்டே மாற்றினார். மறுபடி ஏற்றினோம், ஏறியது. திறந்து பார்த்தால் நாற்பது வினாவும் வெறும் கேள்விக்குறி, வரி வரியாக. பள்ளியின் பழைய கம்ப்யூட்டரில் நோட்பேட், யு.டி.எஃப்-8 என்ற யூனிகோட் முறையைத் தேர்ந்தெடுக்காமல் சேமித்தால் தமிழ் எழுத்துகளைக் கேள்விக்குறியாக்கிவிடும். ஐயா கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "வினா எல்லாம் வினாக்குறி ஆயிடுச்சு. பொருத்தம்தான்."

இன்னொன்று. விடைகளைக் கலைத்துப் போடும் வசதியை நான்தான் பெருமையாகப் போட்டுக் கொடுத்தேன், பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பார்த்து எழுத முடியாதென்று. முதல் விடையாக 'மேற்கண்ட அனைத்தும்' வந்து நின்றது. மேலே கேள்வியைத் தவிர ஒன்றுமில்லை. 'அ மற்றும் இ சரி' என்பவை இன்னும் மோசம். அந்த மாதிரி வினாக்களைத் தேடித் தேடிக் கலைப்பை எடுக்க ஒரு ஞாயிறு போனது.

முதல் தேர்வு அறிவியல், காலை 10 மணி. பத்து மணிக்கு வாட்ஸப் கொதித்தது. பிள்ளைகள் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டில் 'தேர்வு காலை 10 மணிக்குத் திறக்கும்' என்று இருக்கிறது, அதே படத்தின் மூலையில் போன் கடிகாரம் 10:07 காட்டுகிறது. சர்வர் கிரீன்விச் நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. டீச்சர் போட்ட 10 மணி நம்மூர்க் கணக்கில் பிற்பகல் 3:30. காட்டும்போதும் அதே கணக்கில் காட்டியதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. நேர மண்டலத்தை இந்திய நேரத்துக்கு, அதாவது கொல்கத்தாவுக்கு மாற்றியதும் தேர்வு 3:30-க்கு என்று உண்மையைச் சொன்னது. அதையும் திருத்தி, அவசரத்தில் அடுத்த வாரத் தேர்வுகளை மறந்து, அவையும் அதேபோல் தள்ளிப்போய்... விடுங்கள். அன்றைக்கு டீச்சர் என்மேல் கோபப்படாமல், "நான்தான் ஏதோ தப்பா அழுத்திட்டேன்னு நினைச்சேன் சார்" என்றார். அது இன்னும் உறுத்தியது.

அதே தேர்வில் பதினோரு பேரின் விடைத்தாள் 'நடந்துகொண்டிருக்கிறது' என்றே மறுநாள் வரை கிடந்தது. டேட்டா தீர்ந்தவர்கள், கரண்ட் போனவர்கள். நேரம் முடிந்தால் தாளைத் தானே வாங்கிக்கொள்வது மூடுலின் வேலைதான், ஆனால் அதைச் செய்வது கிரான் என்ற பின்னணி வேலை. நிமிடத்துக்கு ஒரு தடவை ஓட வேண்டியது. நான் அதைப் போடவே மறந்திருந்தேன். மணி அடிக்க ஆளில்லாமல் பள்ளிக்கூடம் நடத்தியிருக்கிறேன். அதுவரை எழுதியதை மூடுல் தானாகச் சேமித்து வைத்திருந்ததால் பிள்ளைகள் தப்பித்தார்கள். அதற்குப் பிறகு தேர்வைக் காலை 6 முதல் இரவு 10 வரை திறந்து வைத்து, எழுத ஆரம்பித்ததிலிருந்து முப்பது நிமிடம் என்று மாற்றினோம். அப்பா வேலை முடிந்து போனோடு வீட்டுக்கு வந்த பிறகும் எழுதலாம்.

கணக்கு டீச்சருக்கு ஒரே குறை, சிவப்பு மை. பி.டி.எஃப். விடைத்தாளின் மேலேயே எழுதித் திருத்தும் வசதி மூடுலில் உண்டு, ஆனால் சர்வரில் கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற நிரல் இருக்க வேண்டும். மலிவுச் சந்தாவில் அது இல்லை. "டிக் போடாம எப்படி சார் திருத்துறது?" என்று வாரம் ஒரு தடவை கேட்பார். தீபாவளிக்கு முன்னால் தனி சர்வருக்கு மாறினோம். முதல் நாள் அவர் ஒரே பக்கத்தில் பதினெட்டு டிக் போட்டிருந்தார். ஒன்பது கணக்குதான் அந்தப் பக்கத்தில்.

ஔவையார் விஷயத்துக்கு வருகிறேன். ஐயா துணிந்து, ஒரு சொல்லில் விடை எழுதும் வினாக்கள் வைத்தார். 'அதியமானிடம் நெல்லிக்கனி பெற்றவர் யார்?' வகுப்பில் பாதிப் பேருக்குத் தப்பு என்று வந்தது. அவர்கள் எழுதியதும் ஔவையார்தான், திரையில் வித்தியாசமே தெரியவில்லை. ஒரு பையன் ஐயாவுக்கு போன் செய்து, "ஐயா, ஔவையார் இல்லைன்னா வேற யாருங்கய்யா?" என்று கேட்டிருக்கிறான்.

கர்சரை வைத்து ஒவ்வோர் எழுத்தாக நகர்த்திப் பார்த்தபோது பிடிபட்டது. ஐயா முதல் எழுத்தை 'ஔ' என்று ஒரே எழுத்தாக அடித்திருந்தார். பிள்ளைகள் பலர் 'ஒ' அடித்து, பக்கத்தில் 'ள' அடித்திருந்தார்கள். கண்ணுக்கு ஒன்று, கம்ப்யூட்டருக்கு இரண்டு. எனக்கு அது யூனிகோட் சமாச்சாரம். ஐயா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "அவன் எழுதினது ஔகாரமே இல்ல தம்பி. ஒகரமும் ளகரமும். மெஷின் சொன்னதுதான் சரி" என்றார். கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஆனா அவனுக்குத் தெரியும்ல, ஔவையார்னு."

இரண்டு வடிவத்தையும் சரியான விடையாகச் சேர்த்து, மறுமதிப்பீடு பொத்தானை அழுத்தச் சொன்னேன். அவர்தான் அழுத்தினார். பூஜ்ஜியங்கள் ஒவ்வொன்றாக 1 ஆக மாறுவதைக் கடைசிப் பெயர் வரை பார்த்துவிட்டுத்தான் எழுந்தார்.

மற்ற டீச்சர்கள் என்னைக் கூப்பிடுவதை நிறுத்தி ஐயாவைக் கூப்பிட ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். அறிவியல் டீச்சர் ஒரு பாடத்தையே அழித்துவிட்டு அழாத குறையாக நின்றபோது, "மறுசுழற்சித் தொட்டியில ஏழு நாள் இருக்கும்மா, பதறாத" என்று எடுத்துக் கொடுத்தவர் அவர்தான். எனக்கு ஸ்டாஃப் ரூம் ஃபேன் மட்டும் மிஞ்சியது.

செப்டம்பர் 1-ஆம் தேதி 9 முதல் 12 வரை பள்ளி திறந்ததும் பாதிப் பேர் கரும்பலகைக்குத் திரும்பிவிட்டார்கள். நான் வற்புறுத்தவில்லை. வினா வங்கி மட்டும் வளர்ந்துகொண்டே இருந்தது. ஐயா ஓய்வு பெற்ற அன்று கழுத்தில் போட்ட மாலையோடு என் அறைக்கு வந்தார். தமிழ்ப் பாடத்தின் பேக்கப் கோப்பு ஒரு பிரதி வேண்டும் என்றார். கண்ணாடிக் கூட்டைத் திறந்து அதே பழைய பென்டிரைவை எடுத்து நீட்டினார். அதில் பாமினி கோப்புகள் அப்படியே இருந்தன. அழித்துவிடட்டுமா என்று கேட்டேன்.

"அதுவும் கிடக்கட்டும் தம்பி. இடம் இருக்குல்ல?"