சாமிக்கு நேர்ந்த முடி

கிரேக்க வீரன் அக்கிலீஸ் தன் தலைமுடியை வெட்டிய கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். அதை வாசித்த பிறகு இலங்கை மலையகத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் கோயில் வாசலில் நடப்பதை நான் வேறு மாதிரிப் பார்க்கத் தொடங்கினேன். டிராய்ப் போருக்கு மகன் புறப்படும்போது அவனுடைய அப்பா பெலியஸ், பிள்ளை உயிரோடு வீடு வந்து சேர்ந்தால் அவன் முடியை இறக்கி உனக்குத் தருகிறேன் என்று ஊர் ஆறான ஸ்பெர்கியஸுக்கு நேர்ந்துகொள்கிறார். மகனும் முடியை வெட்டாமல் வளர்க்கிறான். ஆனால் போர்க்களத்தில் உயிர்த் தோழன் பட்ரோக்ளஸ் செத்துப்போகிறான். சிதைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, இனி நான் ஊருக்குத் திரும்பப் போவதில்லை, இந்த முடியை என் தோழனே கொண்டு போகட்டும் என்று சொல்லி, ஆற்றுக்கு நேர்ந்திருந்த முடியை வெட்டிப் பிணத்தின் கையில் வைக்கிறான். ஹோமரின் இலியட் காவியத்தின் 23ஆம் பகுதியில் வருகிற இடம் இது. அப்பாவின் நேர்த்தி, ஊர் ஆறு, பிள்ளை பத்திரமாகத் திரும்ப வேண்டும் என்கிற பயம், முடி. பெயர்களை மட்டும் மாற்றி எங்கள் லயத்து வரிசை வீடுகளில் சொல்லியிருந்தால், பக்கத்துத் தோட்டத்தில் நடந்தது என்றுதான் எல்லாரும் நினைத்திருப்பார்கள்.

கிறிஸ்தவம் வருவதற்கு முன்னால் ஐரோப்பாவிலும் மேற்காசியாவிலும் இருந்த இந்த மாதிரி வழிபாடுகளைத்தான் பேகன் வழிபாடு என்கிறார்கள். அவற்றைப் பற்றி வாசிக்க வாசிக்க, முடி எங்கெல்லாம் வருகிறது என்று நான் குறித்துக்கொண்டே போனேன். டெலோஸ் தீவில் பெண்கள் கல்யாணத்துக்கு முன்னால் ஒரு கற்றை முடியை வெட்டி நூல் நூற்கும் கதிரில் சுற்றி ஒரு கல்லறையில் வைத்தார்கள் என்று பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் சொல்கிறார். எகிப்து ராணி இரண்டாம் பெரெனீகே, சண்டைக்குப் போன புருஷன் திரும்பி வர வேண்டும் என்று கி.மு. 3ஆம் நூற்றாண்டில் தன் கூந்தலை நேர்ந்தாள். அவன் திரும்பி வந்தான், இவளும் வெட்டிக் கோயிலில் வைத்தாள். அது காணாமல் போனதும், கோனன் என்கிற வானியலாளர் வானத்தைக் காட்டி, அதோ அங்கே போய்விட்டது என்றார். இன்றைக்கும் அந்த நட்சத்திரக் கூட்டத்துக்குப் பெரெனீகேயின் கூந்தல் என்றுதான் பெயர். சித்திரை, வைகாசி இரவுகளில் மூடுபனி இல்லாவிட்டால் நம் மலைகளிலிருந்தும் மங்கலாகத் தெரியும். தோட்டங்களில் திருவிழா நடக்கிற காலமும் ஏறக்குறைய அதுதான்.

சரி, எங்கள் பக்கத்துக்கு வருகிறேன். பிள்ளைக்கு முதல் முடி இறக்குவதைப் பார்த்திருப்பீர்கள், ஆனால் கிட்டத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா? தாய்மாமன் சம்மணம் போட்டு உட்கார்ந்து பிள்ளையை மடியில் வைத்துக்கொள்கிறார், பிள்ளையின் இரண்டு கையையும் தன் ஒரு கைக்குள் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் தாடையைத் தாங்குகிறார். நாவிதர் செம்பிலிருந்து தண்ணீர் எடுத்து உச்சியிலிருந்து பிடரி வரைக்கும் பொறுமையாகத் தேய்த்து ஊற வைக்கிறார். அந்த நேரம்தான் பிள்ளை அழத் தொடங்கும், கத்தி வைக்கும்போது அல்ல, குளிர்ந்த தண்ணீர் பட்டதும். கத்தியை உச்சியில் வைத்து முன்பக்கம் இழுக்கும்போது வருகிற சின்னச் சரசரப்புச் சத்தம் எனக்குக் காதிலேயே நிற்கிறது. விழுகிற முடி தரையில் படக்கூடாது என்று அத்தையோ சின்னம்மாவோ வாழையிலையை நீட்டிக்கொண்டு பக்கத்திலேயே குந்தியிருப்பார்கள். முடிந்ததும் மொட்டையில் சந்தனம். நுவரெலியாப் பக்கத்துக் குளிருக்கு அந்த ஈரச் சந்தனத்தின் மேலேயே கம்பளித் தொப்பி. இலையோடு முடி ஆற்றுக்குப் போகும்.

சிரியாவில் இருந்த ஹியராபோலிஸ் கோயிலைப் பற்றி லூசியன் என்கிற எழுத்தாளர் கி.பி. 2ஆம் நூற்றாண்டில் எழுதியதை இந்த இடத்தில் சொல்ல வேண்டும். பிறந்ததிலிருந்து வெட்டாமல் விட்ட முடியைப் பிள்ளைகள் பருவம் வந்ததும் அங்கே வெட்டி, வெள்ளியிலோ பொன்னிலோ செய்த சிமிழுக்குள் போட்டு, தங்கள் பெயரை எழுதிக் கோயிலில் ஆணி அடித்து மாட்டிவிட்டுப் போவார்களாம். நானும் சின்ன வயதில் அப்படிச் செய்தேன், என் முடியும் பெயரும் இன்னும் அந்தக் கோயிலில் இருக்கிறது என்று அவர் அந்த நூலை முடிக்கிறார். வெள்ளிச் சிமிழுக்கு எங்கள் ஆட்கள் எங்கே போவார்கள்? மன்னாரில் இறங்கிக் காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்து வந்து, காய்ச்சலிலும் காலராவிலும் வழியிலேயே பாதிச் சொந்தத்தைப் புதைத்துவிட்டுக் கோப்பித் தோட்டத்துக்கும் பிறகு தேயிலைத் தோட்டத்துக்கும் போனவர்களின் பேரப்பிள்ளைகள் நாங்கள். நாள் சம்பளத்தில் சாமிக்குப் பொன்னோ பட்டோ வாங்க முடியாதவளிடமும் முடி இருந்தது. கூடைக் கயிறு அழுத்தி உச்சியில் முடி தேய்ந்துபோன பெண்கள்கூட, பிள்ளைக்கு அம்மை போட்டால் மிச்சம் இருக்கிற முடியைத்தான் ஆத்தாளுக்கு நேர்ந்தார்கள். இதை அறியாமை என்று யாராவது சொன்னால் எனக்கு மனசு கொதிக்கிறது.

அந்தக் கத்தியைப் பிடிக்கிற கையைப் பற்றியும் சொல்லாமல் போக முடியாது. அரிசி, தேங்காய், வெற்றிலை பாக்கு, ஒரு துண்டு, கொஞ்சம் காசு, இதுதான் நாவிதருக்குக் கிடைப்பது. சாமிக்குச் சேர வேண்டிய முடியை முதலில் தொடுகிறவர் அவர். அதே திருவிழாவின் அன்னதானப் பந்தியில் அவரைக் கடைசியாக உட்கார வைத்த தோட்டங்கள் உண்டு. அவருடைய பிள்ளைகள் கொழும்பில் சலூன் வைத்துவிட்டார்கள் என்றால் அது நல்லதுதான். இனிமேல் அவர்களைக் கூப்பிடுகிறவர்கள் மரியாதையோடு கூப்பிடட்டும்.

என் பெரியம்மா மகனுக்கு நடந்ததையும் எழுதிவிடுகிறேன், அண்ணன் எழுதச் சொல்லித்தான் எழுதுகிறேன். சின்ன வயதில் அண்ணனுக்குக் கடுமையான காய்ச்சல் வந்தபோது, பிழைத்தால் கதிர்காமத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்து மொட்டை போடுகிறேன் என்று பெரியம்மா முருகனிடம் வேண்டிக்கொண்டார். பிழைத்தார். அப்புறம் பள்ளிக்கூடம், கொழும்பில் ஹோட்டல் வேலை, லீவு கிடைக்காத வருஷங்கள், ஒவ்வொரு ஆடிக்கும் பெரியம்மா ஞாபகப்படுத்துவதும் இவர் அடுத்த வருஷம் என்பதுமாகவே போய்விட்டது. பெரியம்மா போனபோது மூத்த மகன் என்பதால் அண்ணன்தான் மொட்டை போட்டுக் கொள்ளிக்குடம் தூக்கினார். கருமாதி முடிந்த சாயங்காலம் வீட்டு முன் இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது, பூசாரி தாத்தாவிடம் மெதுவாகக் கேட்டார்: “தாத்தா, அம்மா நேர்ந்த முடி இதோட கழிஞ்சிருச்சா?” தாத்தா கொஞ்ச நேரம் அவர் தலையையே பார்த்துக்கொண்டிருந்தார். “இது ஒங்கம்மாவுக்கு நீ குடுத்தது ராசா. முருகன் கணக்கு அப்படியே இருக்கு. வளரட்டும், போய்க் குடு.” அடுத்த வருஷம் அண்ணன் போய்க் கொடுத்தார்.

அக்கிலீஸ் ஆற்றின் முடியைத் தோழனுக்குக் கொடுத்தான், திரும்பிப் போகப் போவதில்லை என்று தெரிந்தவன் அவன். எங்கள் பூசாரி தாத்தா இரண்டு கணக்கையும் கலக்கவிடவில்லை, ஏனென்றால் உயிரோடு இருக்கிறவன் தலையில் முடி திரும்ப வளரும். இரண்டு இடத்திலும் முடியைத் தாய் தகப்பன்தான் நேர்ந்தார்கள், கொடுக்க வேண்டியவன் பிள்ளை. இதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. கைக்குழந்தைக்கு நேர்வது வேறு, வளர்ந்த பெண்பிள்ளையின் தலையை அவள் சம்மதம் இல்லாமல் மழிக்கக் கூடாது. புருஷன் செத்தால் பெண்ணின் கூந்தலைக் கொய்கிற வழக்கம் புறநானூற்றிலேயே வருகிறது. பழசு என்பதற்காக அதையெல்லாம் நான் தூக்கிப் பிடிக்க மாட்டேன். விரும்பிக் கொடுத்தால்தான் அது காணிக்கை.

வீட்டுக்குள் முடிக்கு இருந்த கட்டுப்பாடுகளும் சும்மா வந்தவை அல்ல. விளக்கு வைத்த பிறகு தலை வாரக்கூடாது, சீப்பில் வந்த முடியைச் சுருட்டிக் கண்ணில் படாத இடத்தில் போட வேண்டும், நடைபாதையில் விடக்கூடாது, யார் கையிலாவது சிக்கினால் செய்வினை வைத்துவிடுவார்கள் என்று என் அம்மாயி சாகும் வரைக்கும் சொன்னார். ரோமில் ஜுப்பிட்டரின் தலைமைப் பூசாரிக்கு இதே மாதிரி ஒரு விதி இருந்தது. அவருடைய முடியை அடிமை வெட்டக்கூடாது, வெட்டின முடியையும் நகத்தையும் நல்ல மரம் ஒன்றின் அடியில் புதைக்க வேண்டும். தலையிலிருந்து பிரிந்த பிறகும் முடி அந்த ஆளோடு ஒட்டியே இருக்கிறது என்று இரண்டு பேரும் நம்பினார்கள். கோடாங்கி பேய் ஓட்டும்போது உச்சி முடியை முடிச்சுப் போட்டு வெட்டி மரத்தில் ஆணி அடித்து இறக்குவதும் அந்த நம்பிக்கையில்தான்.

அவிழ்ந்த முடிக்கு வேறு சட்டம். சாதாரண நாளில் தலையை விரித்துப்போட்டுக்கொண்டு நின்றால் அம்மா திட்டுவார். கரகம் வரும்போது உடுக்கைச் சத்தத்தில் அருள் வந்து கொண்டை அவிழ்ந்தால், அதே அம்மா கையெடுத்துக் கும்பிடுவார். ரோமில் பிரசவத்தைக் காக்கிற ஜூனோ லூகினாவைக் கும்பிடப் போகும் கர்ப்பிணி கூந்தலை அவிழ்த்துவிட்டுத்தான் போக வேண்டும், அப்போதுதான் பிள்ளை சுகமாகப் பிறக்கும் என்று இருந்தது. பாஞ்சாலி சபதம் நமக்குத் தெரியும். ரோமர்களை எதிர்த்து கி.பி. 69இல் கிளம்பிய படாவியர் என்கிற இனத்தின் தலைவன் கிவிலிஸும் ஜெயிக்கும் வரைக்கும் முடியை வெட்டுவதில்லை என்று சிவப்புச் சாயம் பூசி வளர்த்து, ரோமப் படையை அழித்த பிறகுதான் வெட்டினான் என்று ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதி வைத்திருக்கிறார்.

சடை விழுந்தவர்களைப் பற்றி நம் நாட்டிலேயே பெரிய ஆராய்ச்சி நடந்திருக்கிறது. பேராதனையிலும் பிறகு பிரின்ஸ்டனிலும் படிப்பித்த மானுடவியலாளர் கணநாத் ஒபேசேகர, கதிர்காமத்தில் சடைமுடியோடு இருந்த பெண்களின் வாழ்க்கைக் கதைகளைக் கேட்டு எழுதிய புத்தகம் 1981இல் வந்தது. சடை என்றால் எல்லாருக்கும் ஒரே அர்த்தம் என்று வெளியே நின்று சொல்லிவிட முடியாது, ஒவ்வொருத்தியின் சடையிலும் அவள் பட்ட பாடு இருக்கிறது, அதைத் தெய்வம் தந்த வரமாக அவள் மாற்றிக்கொள்கிறாள் என்று அவர் காட்டினார். எனக்கு அவர்மேல் மரியாதை வந்ததே அவர் அவர்களிடம் உட்கார்ந்து கேட்டார் என்பதால்தான். எங்கள் பக்கத்தில் சடை விழுந்த ஆச்சிமாரை உட்கார வைத்துக் கேட்டவர்கள் எத்தனை பேர்?

ஐஸ்லாந்தில் பழைய தெய்வங்களைக் கும்பிடுகிறவர்களின் சங்கத்தை 1973இல் அரசாங்கமே மதமாகப் பதிந்துகொண்டது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இப்படிப் பழைய வழிபாட்டுக்குத் திரும்புகிறவர்களில் சிலர், பின்னல் போடும்போது ஒவ்வொரு பிரிக்கும் ஒரு வேண்டுதல் சொல்லிப் பின்னுகிறார்கள், சடங்கில் கூந்தலை அவிழ்த்துவிடுகிறார்கள். நடுவில் பல நூறு வருஷம் அறுந்துபோனதால் அவர்கள் ஏடுகளையும் பழங்கதைகளையும் தேடித்தான் கட்ட வேண்டியிருக்கிறது. இங்கே அறுந்துபோகவில்லை. ஆனால் நாமே அறுக்கிறோம். கோபுரம் கட்டிக் கும்பாபிஷேகம் செய்ததும் முனியாண்டியும் மாடசாமியும் சிறு தெய்வமாகிவிடுகிறார்கள், தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிறவர்கள் கவ்வாத்துச் சாமியைக் கும்பிட்ட கல் எந்த மலையில் இருந்தது என்று இளம் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை, ஃபேக்டரி மூடியதும் அதன் இயந்திரங்களைக் காத்த ரோதைமுனிக்கு விளக்கு வைக்க ஆள் இல்லை. முடி இறக்குகிற இடத்தையும், கோயில் அசிங்கமாகிறது என்று சொல்லிக் குழாயடிக்குத் தள்ளிவிட்ட கமிட்டிகள் இருக்கின்றன. கோயிலுக்கு வந்த காணிக்கை எப்படி அசிங்கமாகும் என்று அந்தக் கமிட்டிகளைக் கேட்க வேண்டும்.

போன திருவிழாவில் எங்கள் டிவிஷன் பிள்ளை ஒருத்தி, ஏ.எல். என்கிற உயர்தர வகுப்புப் படிக்கிறவள், இடுப்பு வரைக்கும் வளர்த்த முடியைப் புற்றுநோய்ப் பிள்ளைகளுக்கு விக் செய்யக் கொடுக்கப் போகிறேன் என்றாள். அவளுடைய அப்பாயி ஒரே சண்டை. முடியைக் கொடுப்பதில் கிழவிக்குக் கோபம் இல்லை, ஆத்தாளிடம் சொல்லாமல் டவுன் பார்லரில் வெட்டிக்கொண்டு வருவதா என்பதுதான் கோபம். கடைசியில் பின்னலை ரப்பர் பேண்ட் போட்டு இறுக்கிக் கட்டி, கோயில் வாசலில் கிழக்கே பார்த்து உட்கார வைத்து, தாய்மாமன் பக்கத்தில் நிற்க வெட்டினார்கள். விக்குக்கு நீளம் வேண்டும் என்று பிள்ளை அடம்பிடித்ததால், அம்மனுக்கு நுனியில் இரண்டு விரற்கடை மட்டும் இலையில் எடுத்துக்கொண்டார்கள். அது போதுமா என்று அப்பாயி பூசாரியிடம் இரண்டு தரம் கேட்டார். போதும் என்றார். மிச்சப் பின்னலை நியூஸ் பேப்பரில் சுற்றி, மஹரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிப் பக்கம் போகிற ஒருவரிடம் கொடுத்தனுப்பினார்கள்.