ஒரு பாயிண்ட்டுக்கு எத்தனை பைசா? சேலத்துச் செலவுக்கு ஒரு கிரெடிட் கார்டு கணக்கு

மாலுக்குள்ளும் சூப்பர் மார்க்கெட் வாசலிலும் கழுத்தில் டேக் மாட்டிய பையன்கள் நின்றுகொண்டு, "சார், லைஃப்டைம் ஃப்ரீ, 10 எக்ஸ் ரிவார்டு" என்று கூப்பிடுவார்கள். கிரெடிட் கார்டில் செலவழித்தால் வங்கி பரிசாகத் தரும் பாயிண்ட்தான் இந்த ரிவார்டு. கையெழுத்துப் போடும் முன் அவர்களிடம் கேட்க ஒரே ஒரு கேள்விதான் இருக்கிறது. ஒரு பாயிண்ட்டுக்கு எத்தனை பைசா? பாயிண்ட் எண்ணிக்கையை மட்டும் சொல்லி மதிப்பைச் சொல்லாத கார்டு, எடைக்கல் இல்லாத தராசு மாதிரி.

கணக்கு சின்னதுதான். 150 ரூபாய்க்கு 4 பாயிண்ட், ஒரு பாயிண்ட் 25 பைசா என்றால், 150 ரூபாய் செலவழித்து 1 ரூபாய் திரும்பப் பெறுகிறீர்கள். அதாவது 0.67%. இன்னொரு கார்டில் 100 ரூபாய்க்கு 1 பாயிண்ட், அதே 25 பைசா. அதில் "10 எக்ஸ்", அதாவது பத்து மடங்கு, என்று கூவினாலும் வருவது 2.5%தான். அந்த 10 எக்ஸும் சில கடைகளுக்கு மட்டும், மாதத்துக்கு இத்தனை பாயிண்ட் வரை மட்டும் என்று இருக்கும். பல வங்கிகள் 150 ரூபாயை ஒரு படியாக எண்ணுவதால் 290 ரூபாய் பில்லுக்கும் 4 பாயிண்ட்தான், 140 ரூபாய் பில்லுக்கு ஒன்றும் இல்லை. டிபன் கடையில் தினமும் 120 ரூபாய் தேய்ப்பவருக்கு வருடம் முழுக்க முட்டைதான்.

ஒரே பாயிண்ட்டுக்கு ஒரே கார்டில் மூன்று விலை இருப்பதும் சகஜம். வங்கியின் பயணத் தளத்தில் விமான டிக்கெட் போட்டால் ஒரு மதிப்பு, கிஃப்ட் வவுச்சருக்கு அதைவிடக் குறைவு, பில்லிலேயே கழித்துக்கொண்டால் இன்னும் குறைவு. விளம்பரத்தில் போடுவது எப்போதும் மேலே உள்ள எண்ணைத்தான். இதற்கு மேல், பாயிண்ட்டை மாற்றுவதற்கே 99 ரூபாயும் ஜிஎஸ்டியும் பிடிக்கும் வங்கிகள் உண்டு, மொத்தம் 116.82 ரூபாய். 2,000 பாயிண்ட் சேர்த்து 500 ரூபாய் என்று மகிழ்ந்தால், அதில் கால்வாசி கட்டணத்திலேயே போய்விடும். அந்த வகைக் கார்டு வைத்திருப்பவர் நிறையச் சேர்த்து ஒரே தடவையாக மாற்ற வேண்டும். பாயிண்ட்டுக்குக் காலாவதி தேதி இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

எனக்கு நேரடி கேஷ்பேக் கார்டுகள் மேல்தான் நம்பிக்கை. அதிலும் "கேஷ்" எங்கே வந்து விழுகிறது என்று பார்க்க வேண்டும். அமேசான் பே ஐசிஐசிஐ கார்டை எடுத்துக்கொள்ளுங்கள். வருடக் கட்டணம் இல்லை, பிரைம் உறுப்பினருக்கு அமேசானில் 5%, மற்றவர்களுக்கு 3%, வெளிக்கடைகளில் 1%. கிடைப்பது அமேசான் பே பேலன்ஸாக வருமே தவிர, கார்டு பில்லில் கழியாது. அங்கே மாதாமாதம் வாங்குகிற வீட்டுக்கு அது பணம், வாங்காத வீட்டுக்கு அது டோக்கன். இந்த மாதிரி எண்களை வங்கிகள் அடிக்கடி மாற்றும் என்பதால், விண்ணப்பிக்கும் அன்று விதிமுறைத் தாளை ஒருமுறை திறந்து பார்ப்பது நல்லது.

இனி சேலத்து வீடு ஒன்றின் செலவைப் பார்ப்போம். மாதம் 40,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வீட்டு வாடகை 12,000. செவ்வாய்ப்பேட்டையிலோ லீ பஜாரிலோ வாங்கும் மளிகை 7,000. உழவர் சந்தைக் காய்கறி 2,500. பெட்ரோல் 3,000. ஆன்லைனில் 5,000. ஸ்கூல் ஃபீஸ் மாதக் கணக்கில் 4,000. ஜவுளி 2,000, வெளிச் சாப்பாடு 2,000. மொபைலும் நெட்டும் 1,300. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் கரண்ட் பில்லை மாதமாகப் பிரித்தால் 1,200.

இதில் கார்டில் போகக்கூடியது எவ்வளவு? வீட்டுக்காரர் வாடகையைக் கணக்கில் போடச் சொல்வார். ஆப் வழியாகக் கார்டில் வாடகை கட்டும் வசதியைப் பல ஆப்கள் 2025ல் நிறுத்திவிட்டன. இருக்கும் இடத்திலும் ஆப் ஒரு கட்டணம் பிடிக்கும், பல வங்கிகள் தங்கள் பங்குக்கு 1% பிடிக்கும், பெரும்பாலான கார்டில் பாயிண்ட்டும் இல்லை. ஸ்கூலில் செக் அல்லது பணம். மளிகையும் காய்கறியும் யுபிஐ அல்லது ரொக்கம். மிச்சம் 14,500. பெட்ரோலுக்கு அநேகக் கார்டுகளில் பாயிண்ட் கிடையாது, எனவே பலன் தருவது 11,500தான். ஆன்லைனுக்கு 5% கிடைத்தால் 250, மற்ற 6,500க்கு 1% என்றால் 65. மாதம் 315, வருடம் 3,780 ரூபாய். எல்லாவற்றுக்கும் வெறும் 1% தரும் கார்டு என்றால் வருடத்துக்கு 1,380. இந்த வீட்டுக்கு 2,999 ரூபாய் வருடக் கட்டணமும் அதன் மேல் 18% ஜிஎஸ்டியும் வாங்கும் பளபளப்பான கார்டைத் தலையில் கட்டினால் என்ன ஆகும் என்று நீங்களே போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். உங்கள் வீட்டுக்கும் இதே மாதிரி மூன்று மாத வங்கி ஸ்டேட்மென்ட்டை வைத்துப் போட வேண்டும். ஞாபகத்தில் இருந்து போட்டால் ஹோட்டல் செலவு பாதியாகக் குறைந்துவிடும்!

கடைவீதியில் இன்னொரு சிக்கல். "கார்டுன்னா ரெண்டு பர்சென்ட் சேத்துக்குவோம்ங்க" என்பது வெள்ளிக் கடையிலும் எலக்ட்ரானிக்ஸ் கடையிலும் கேட்கிற வசனம். மெஷின் கொடுத்த வங்கிக்குக் கடைக்காரர் கட்ட வேண்டிய கமிஷன் அது, வாடிக்கையாளர் தலையில் வைக்கக் கூடாது. ஆனாலும் வைக்கிறார்கள். 18,000 ரூபாய்க்குக் கொலுசு வாங்கினால் 2% என்பது 360 ரூபாய். உங்கள் 1% பாயிண்ட் 180. நகைக்கடைக்குப் பாயிண்ட்டே தராத கார்டு என்றால் அந்த 180ம் இல்லை. அங்கே ரொக்கமோ டெபிட் கார்டோ கொடுத்து, அதைக் காட்டிக் கூலியில் பேரம் பேசுவது லாபம். நகையைக் கிரெடிட் கார்டு இஎம்ஐயாக மாற்றலாம் என்றும் நினைக்க வேண்டாம், நகைக்கு அந்த வசதி கிடையாது.

எந்தக் கடைக்கு எந்தச் சதவீதம் என்பதைத் தீர்மானிப்பது கடைப் பெயர்ப் பலகை இல்லை. கடையின் வகைக்கு ஏற்ப மெஷினுக்கு வங்கி பதிந்து வைத்திருக்கும் நான்கு இலக்க எண், எம்சிசி என்பார்கள். மளிகைக்கு 5411, உணவகத்துக்கு 5812, பெட்ரோல் பங்குக்கு 5541, நகைக்கு 5944. பங்குக்குள் இருக்கும் கடையில் பிஸ்கட் வாங்கி அதே மெஷினில் தேய்த்தால் வங்கிக் கணக்கில் அதுவும் பெட்ரோல்தான், பாயிண்ட் வராது. "மளிகைக்கு 5%" என்ற கார்டை நம்பி ஒரு கடையில் மாதாமாதம் 7,000 தேய்க்கும் முன், முதலில் 300 ரூபாய்க்கு ஒருமுறை தேய்த்து, அடுத்த ஸ்டேட்மென்ட்டில் எவ்வளவு பாயிண்ட் விழுந்தது என்று பாருங்கள். கடைக்காரருக்கே தன் எண் தெரிந்திருக்காது.

செவ்வாய்ப்பேட்டை மளிகையைக் கார்டுக்குள் கொண்டுவர ஒரு வழி உண்டு: ரூபே கிரெடிட் கார்டு. 2022 முதல் இதை யுபிஐ ஆப்பில் இணைத்து கியூஆர் ஸ்கேன் செய்து கட்டலாம். விசா, மாஸ்டர்கார்டுக்கு இந்த வசதி இல்லை. கியூஆர் கடைக்காரர் பெயரில் வணிகக் கணக்காக இருக்க வேண்டும். உழவர் சந்தையில் கீரைக்காரம்மா மகனுடைய சொந்த நம்பர் கியூஆரை ஒட்டி வைத்திருந்தால், கிரெடிட் கார்டைத் தேர்ந்தெடுத்த உடனே ஆப் மறுத்துவிடும். கோளாறு உங்கள் கார்டில் இல்லை, தனிநபருக்குக் கிரெடிட்டில் பணம் அனுப்ப விதியே இடம் தராது. சிறு கடைகளில் 2,000 ரூபாய் வரை கடைக்காரருக்குக் கமிஷன் கிடையாது. அதற்கு மேல் போனால் அவருக்குச் செலவு, முகம் சுளிப்பார். யுபிஐ செலவுக்குக் குறைந்த பாயிண்ட்டோ பூஜ்யமோ தரும் ரூபே கார்டுகளும் இருக்கின்றன. எடுக்கும் முன் அந்த ஒரு வரியைத் தேடிப் படியுங்கள்.

பெட்ரோலில் பெரும் குழப்பம் "சர்சார்ஜ் தள்ளுபடி". 1,000 ரூபாய்க்குப் போட்டால் 1% என்று 10 ரூபாயும் அதன் மேல் ஜிஎஸ்டி 1.80ம் ஏறும். தள்ளுபடியில் 10 திரும்பும், 1.80 போனது போனதுதான். வழக்கமாக 400 அல்லது 500 ரூபாய்க்கு மேல், 4,000 அல்லது 5,000க்குள் போட்டால்தான் இதுவும். ஸ்கூட்டருக்கு 200 ரூபாய்க்கு அடிப்பவர் யுபிஐயிலேயே கட்டட்டும். பெட்ரோல் கம்பெனியோடு சேர்ந்த கார்டுகள் நாலு சதவீதத்துக்கு மேல் என்று விளம்பரம் செய்யும்போது, இந்த 1% தள்ளுபடியையும் சேர்த்தே எண்ணுகின்றன. ஏற்காட்டுக்குத் தினமும் வாடகைக் கார் ஓட்டுகிறவருக்கு அது லாபம். மாதம் 3,000க்குப் போடும் வீட்டுக்கு வருடக் கட்டணம்தான் மிஞ்சும்.

ஏற்காட்டைச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். மே மாதக் கோடை விழா சமயத்தில் ரூமை ஆன்லைன் தளத்தில் கார்டில் போட்டால் பாயிண்ட் கிடைக்கும்தான். ஆனால் விடுதிக்கு நேரடியாகப் போன் செய்தால் தளத்தின் கமிஷன் இல்லாத வாடகை கிடைக்கலாம், அதையும் கேட்டுவிட்டு ஒப்பிடுங்கள். ரூமை ரத்து செய்தால் பணம் திரும்பும்போது பாயிண்ட்டையும் பிடுங்கிக்கொள்வார்கள்.

ஏர்போர்ட் லவுஞ்ச் ஆசை பெங்களூரு, கோவை, சென்னை வழியாக அடிக்கடி பறப்பவர்களுக்கு. அதுவும் இப்போது பல கார்டுகளில் முந்தைய மூன்று மாதத்தில் இவ்வளவு செலவழித்திருந்தால்தான்.

இத்தனை பைசாக் கணக்கையும் ஒரே மாதத்தில் துடைத்தெறிவது வட்டி. பில் தேதி 15, கடைசித் தேதி அடுத்த மாதம் 5 என்று வையுங்கள். ஜூன் 16ல் வாங்கியதற்கு ஆகஸ்ட் 5 வரை, 50 நாள் வட்டி இல்லை. ஜூன் 14ல் வாங்கியதற்கு 21 நாள்தான். பெரிய சாமானை பில் தேதிக்கு மறுநாள் வாங்கச் சொல்வது இதனால்தான்.

இப்போது கோளாறு நடக்கும் இடம். ஜூன் 1ல் 20,000க்கு ஃபிரிட்ஜ். ஜூலை 5ல் கையில் குறைகிறது என்று 19,000 கட்டுகிறீர்கள். பாக்கி 1,000க்குத்தானே வட்டி என்று நினைப்போம். பல வங்கிகளின் விதிமுறைத் தாளில் உள்ள முறைப்படி, 20,000க்கும் வாங்கிய நாளில் இருந்து வட்டி ஓடும். மாதம் 3.75%, அதாவது ஆண்டுக்கு 45%. முதல் 34 நாளுக்கு 838 ரூபாய், பாக்கி 1,000க்கு அடுத்த பில் வரை 10 நாளுக்கு 12 ரூபாய், மேலே 18% ஜிஎஸ்டி. கூட்டினால் 1,000 ரூபாயைத் தாண்டுகிறது. ஆயிரம் குறைத்துக் கட்டியதற்கு ஆயிரம் வட்டி! பாக்கி முழுதும் தீரும் வரை புதிதாக வாங்குவதற்கும் வட்டியில்லா நாள் கிடையாது. பில்லில் குறைந்தபட்சம் கட்டச் சொல்லும் "மினிமம் டியூ" மட்டும் கட்டினால் தாமதக் கட்டணம் மட்டும்தான் தப்பும். மொத்தத் தொகைக்கு ஆட்டோ டெபிட் போட்டுவிடுங்கள். போடும்போது "மினிமம்" என்ற பெட்டி டிக் ஆகியிருக்கிறதா என்று கவனியுங்கள்.

சம்பளம் 1ம் தேதி வருகிறவர் கடைசித் தேதியை 5ஐ ஒட்டி வைத்துக்கொள்ளலாம். பில் தேதியை ஒரு முறையாவது மாற்றிக்கொள்ளும் உரிமையை ரிசர்வ் வங்கியின் விதிகள் தருகின்றன. கடைசித் தேதி தாண்டி மூன்று நாளுக்குள் கட்டினால் தாமதக் கட்டணம் போட முடியாது என்பதும் அதே விதிகளில்தான் இருக்கிறது.

விசைத்தறி, வெள்ளிப் பட்டறை, தோட்டம் என்று சொந்தத் தொழில் செய்து சம்பளச் சீட்டு இல்லாதவர்களுக்கு வங்கி கார்டு மறுத்தால், ஃபிக்ஸட் டெபாசிட் மேல் கார்டு கேளுங்கள். டெபாசிட்டுக்கு வட்டியும் வரும், அதன் பெரும்பகுதி லிமிட்டாகவும் கிடைக்கும், கடனை ஒழுங்காகக் கட்டுகிறீர்களா என்று காட்டும் சிபில் ஸ்கோரும் உருவாகும். நண்பரின் வியாபாரச் சரக்கை உங்கள் கார்டில் வாங்கிக் கொடுத்து பாயிண்ட் சேர்ப்பது வேண்டாம். வருடத்தில் 10 லட்சத்துக்கு மேல் கார்டு பில் கட்டினால் வங்கி அதை வருமான வரித் துறைக்குத் தெரிவிக்கும், விளக்கம் சொல்ல வேண்டியது நீங்கள்.

புதுக் கார்டு ஆன்லைனில் வேலை செய்யவில்லை என்றால் பதற வேண்டாம். 2020 அக்டோபரில் இருந்து ஆன்லைன், வெளிநாடு, தட்டிக் கட்டும் வசதி மூன்றும் அணைத்துத்தான் கொடுக்கிறார்கள். ஆப்பில் தேவையானதை மட்டும் போடுங்கள். தட்டினால் பின் இல்லாமல் 5,000 வரை போகும், அந்த வரம்பை 1,000 ஆக்கி வைக்கலாம். "உங்கள் பாயிண்ட் இன்றிரவு காலாவதி" என்று லிங்க்கோடு வரும் மெசேஜும் வாட்ஸப்பில் வரும் ஏபிகே ஃபைலும் (போனில் ஆப்பை நிறுவும் ஃபைல்) திருட்டு வேலை. பாயிண்ட்டை வங்கி ஆப்புக்குள் போய்த்தான் பார்க்க வேண்டும். ஏமாந்துவிட்டால் உடனே கார்டை முடக்கி, சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள்.

பிடிக்காத கார்டை மூடும்போது வரிசை முக்கியம். முதலில் பாயிண்ட்டை மாற்றிவிடுங்கள், மூடியபின் கிடைக்காது. பிறகு அதில் ஓடும் ஓடிடி, மொபைல் ஆட்டோபே எல்லாவற்றையும் வேறு கார்டுக்கு மாற்றுங்கள். பாக்கியைப் பூஜ்யமாக்கி, மெயிலிலோ ஆப்பிலோ பதிவு இருக்கும்படி கோரிக்கை கொடுங்கள். பாக்கி இல்லாத கார்டை வங்கி 7 வேலை நாளுக்குள் மூட வேண்டும், தவறினால் மூடும் வரை நாளுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். "சார், வருடக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்கிறோம், வைத்துக்கொள்ளுங்கள்" என்று அதற்குள் ஒரு போன் வரும். அந்தக் கார்டு நிஜமாகவே உங்கள் 11,500க்குப் பொருந்துகிறது என்றால் சரி என்று சொல்லி, அதை மெயிலில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள்.