மரத்தில் மட்டும் கை வைப்போம்: ஏர் பிஸ்டலின் கைப்பிடியைத் திருத்துவது பற்றி

பத்து மீட்டர் துப்பாக்கி சுடும் போட்டிக்கான ஏர் பிஸ்டல் வைத்திருக்கும் எவருக்கும் சில மாதங்களில் அதில் எதையாவது மாற்றிப் பார்க்கும் ஆசை வந்துவிடுகிறது. ட்ரிகரைக் கழற்றி உள்பாகங்களை மெருகேற்றலாமா, பெல்லட்டின் (சிறு ஈயக் குண்டின்) வேகத்தைக் கூட்டலாமா, உலோக உடலுக்கு வேறு நிறம் பூசலாமா என்று கிளப்பில் புதிதாகச் சேரும் பிள்ளைகள் கேட்கும்போதெல்லாம் நான் சொல்லும் பதில் ஒன்றுதான். வீட்டில் உட்கார்ந்து நாம் செதுக்கவும் மெருகேற்றவும் ஏற்ற பாகம் மரக் கைப்பிடி. மற்றவற்றை அந்த வேலை தெரிந்த ஆர்மரரிடம், அதாவது துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம், விட்டுவிட வேண்டும்.

ஸ்டெயர், மொரினி, வால்தர், ஃபைன்வெர்க்பாவ், பார்டினி என்று இன்று போட்டிகளில் காணப்படும் பிஸ்டல்கள் பெரும்பாலும் 200 பார் அழுத்தம் வரை காற்று நிரப்பிய சிலிண்டரால் இயங்குகின்றன. கார் டயரில் நாம் அடைக்கும் காற்றின் அழுத்தம் 2 பாருக்குச் சற்று மேல்தான். அந்த அழுத்தத்தை ஒவ்வொரு முறையும் ஒரே அளவாகக் குறைத்துக் கொடுக்கும் ரெகுலேட்டரும் வால்வும் தொழிற்சாலையில் அளந்து ஒழுங்குசெய்யப்பட்டவை. பத்து மீட்டர் தொலைவில் உள்ள தாளைச் சுடுவதற்கு வேகம் கூடுவதால் எந்தப் பயனும் இல்லை. எல்லா பெல்லட்டும் ஒரே வேகத்தில் போவதே தேவை, அந்தச் சீரை வீட்டில் நாம் கெடுக்க முடியுமே தவிர மேம்படுத்த முடியாது. 2021 ஜூலையில் டோக்கியோ ஒலிம்பிக் தகுதிச்சுற்றின் நடுவில் பிஸ்டல் பழுதாகி, இந்திய வீராங்கனை மனு பாக்கர் விலைமதிப்பற்ற நிமிடங்களை இழந்து இறுதிச்சுற்றைத் தவறவிட்டதைப் பார்த்தவர்களுக்கு, இயந்திரப் பகுதி எந்த அளவுக்கு நம்பகமாக இருக்க வேண்டும் என்பதை விளக்கத் தேவையில்லை.

கைப்பிடியின் கதை வேறு. அது நம் கைக்காகவே இருக்கும் பாகம்; தொழிற்சாலை அதைச் சிறிது, நடுத்தரம், பெரிது என்று ஏதோ ஒரு சராசரிக் கைக்குத்தான் செய்து அனுப்ப முடியும். மொரினி நிறுவனத்தின் தொடக்கமே கைப்பிடியில்தான் இருக்கிறது. கையின் அமைப்புக்கேற்பக் கைப்பிடிகள் செய்வதில் பெயர் பெற்ற பிறகே சேசரே மொரினியின் பெயர் பிஸ்டலின் மீது ஏறியது.

கைப்பிடியின் ஒரு சிறு புடைப்பு என்ன செய்துவிடும் என்று கேட்பவர்களுக்குக் கணக்காகவே சொல்லலாம். குறிபார்க்கப் பிஸ்டலின் மேல் முன்னும் பின்னும் உள்ள முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே 320 மி.மீ. தூரம் என்று வைத்துக்கொண்டால், பின்குறியின் பிளவுக்குள் முன்குறி கால் மில்லிமீட்டர் ஒதுங்கி நின்றாலே பத்து மீட்டரில் பெல்லட் ஏறத்தாழ 8 மி.மீ. விலகும். இலக்குத் தாளில் ஒரு வளையத்தின் அகலம் சரியாக 8 மி.மீ.; ஒரு முழுப் புள்ளி அங்கே போய்விடுகிறது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 221.7 புள்ளியுடன் மனு பாக்கர் வெண்கலம் வென்றபோது, வெள்ளிக்கான போட்டியில் அவரைத் தொடரவிடாமல் தடுத்த வித்தியாசம் 0.1 புள்ளி. தாளில் அது 0.8 மி.மீ.; மேற்சொன்ன கணக்கின்படி குறிகளுக்கிடையில் ஒரு மில்லிமீட்டரின் நாற்பதில் ஒரு பங்கு. கை தானாக நேராக நிற்காமல் ஒவ்வொரு முறையும் மணிக்கட்டை இழுத்துத் திருத்த வேண்டியிருந்தால், அறுபது சுடுதல்கள் கொண்ட ஒரு போட்டியில் அந்தத் திருத்தம் எத்தனை முறை பிசகும் என்பதை நினைத்துப் பார்க்கலாம்.

எனவே அரத்தை எடுப்பதற்கு முன் செய்ய வேண்டியது சோதனை. பிஸ்டலில் பெல்லட் இல்லை என்பதை உறுதி செய்துகொண்டு, வழக்கமான நிலையில் நின்று, கண்களை மூடியபடி கையை உயர்த்தி, மூச்சு அடங்கிய பிறகு கண்களைத் திறந்து பார்க்க வேண்டும். முன்குறி பிளவின் நடுவில் நின்றால் அந்தக் கைப்பிடியைத் தொடவே வேண்டாம். வலக்கைக்காரர் ஒருவருக்கு அது திரும்பத் திரும்ப இடப்புறமே ஒதுங்கினால், கட்டைவிரலின் அடிச்சதை உட்காரும் பின்பக்க இடப்புறத்தில் மரம் மிகுதியாக இருக்கிறது, அல்லது அதற்கு எதிர்ப்புறத்தில் குறைவாக இருக்கிறது என்று பொருள். முன்குறி தாழ்ந்து விழுந்தால் உள்ளங்கையின் அடிமேடு தொடும் கீழ்ப்பின்பகுதியில் நிரப்ப வேண்டும். அங்கே சேர்க்கும் பட்டி (மரத்தின் மேல் அப்பி இறுகவிடும் கலவை) கைப்பிடியின் அடியை முன்னே தள்ளி, குழலின் முனையைத் தூக்கிவிடும். இன்றைய மாடல்கள் பலவற்றில் கைப்பிடியின் கோணத்தைத் திருகுகளாலேயே சற்று மாற்றலாம் என்பதால், திருகு தீர்க்கும் குறையை அரத்தால் தீர்க்கப் போகக் கூடாது.

எந்த இடம் அழுத்துகிறது, எந்த இடம் தொடாமல் நிற்கிறது என்பதைக் கண்டுபிடிக்க நான் பயன்படுத்துவது சாதாரண வெள்ளைச் சாக்பீஸ். அதை நன்றாகப் பொடித்து உள்ளங்கையில் தடவிக்கொண்டு, போட்டியில் பிடிப்பது போலவே பிடித்து, கையை நழுவ விடாமல் அப்படியே பிரித்தெடுக்க வேண்டும். கரும்பழுப்பு நிற வால்நட் மரத்தில் கை தொட்ட இடமெல்லாம் வெண்மையாகப் பதிந்திருக்கும். கடுமையாக அழுத்தும் இடத்தில் தோலின் ரேகைகூடத் தெரியும். தொடாத இடம் மரத்தின் நிறத்திலேயே நிற்கும். இன்னொருவரிடமிருந்து வாங்கிய பழைய கைப்பிடி என்றால் இந்தப் படம் மிகவும் விசித்திரமாக இருக்கும். என்னுடையது அப்படிக் கைமாறி வந்ததுதான். முந்தைய உரிமையாளரின் நடுவிரல் என்னுடையதைவிடப் பருமனானது என்பதை, அவரை ஒருமுறைகூடப் பார்க்காமலே அந்த வெண்தடம் எனக்குச் சொல்லிவிட்டது.

செதுக்கும் வேலைக்குக் கைப்பிடியைப் பிஸ்டலிலிருந்து முழுவதுமாகக் கழற்றிவிட வேண்டும். முதலில் சிலிண்டரை எடுத்துத் தனியே வைத்துவிட்டு, ஆலன் சாவியால் கைப்பிடித் திருகைத் தளர்த்தினால் பெரும்பாலான மாடல்களில் அது கையோடு வந்துவிடும். மாட்டியபடியே தேய்த்தால் மரத்தூள் ட்ரிகர் பொறிக்குள் போய்ச் சேரும். முகக்கவசம் கட்டாயம் வேண்டும். வால்நட் தூள் சிலருக்கு மூச்சிலும் தோலிலும் ஒவ்வாமையை உண்டாக்கும். அதோடு, நாம் கையாளும் பெல்லட் ஈயத்தால் ஆனது என்பதால் பழைய கைப்பிடியின் அழுக்கில் ஈயமும் கலந்திருக்கும். தேய்ப்பதற்கு முன் மேற்பரப்பை ஈரத்துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு, அந்தத் துணியை வீட்டு உபயோகத்துக்குத் திரும்ப எடுக்காமல் எறிந்துவிடுவதே முறை.

மரத்தைக் குறைப்பதைவிடப் பட்டி வைத்து நிரப்புவது பாதுகாப்பானது என்பது என் உறுதியான கருத்து. வைத்த பட்டியை மறுநாள் அராவி எடுத்துவிடலாம். எடுத்த மரம் திரும்பி வராது. நம் ஊர் ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கும் எம்-சீல் போன்ற இரண்டு பகுதி எப்பாக்ஸிப் பட்டியே இதற்குப் போதும். பட்டி பிடித்துக்கொள்ள வேண்டிய இடத்தின் பழைய மெருகை உப்புத்தாளால் நீக்கிச் சொரசொரப்பாக்கிவிட்டு, கையுறை அணிந்து இரண்டு பகுதிகளையும் ஒரே நிறம் வரும்வரை பிசைந்து, தேவை என்று தோன்றுவதைவிடச் சற்றுக் கூடுதலாக அப்ப வேண்டும். அதன் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, கைப்பிடியைத் திரும்ப மாட்டி, சுடும் நிலையில் நின்று பிடிக்க வேண்டும். இதை நாற்காலியில் உட்கார்ந்து செய்யக் கூடாது. நின்று கை நீட்டியிருக்கும்போது உள்ளங்கைச் சதை திரளும் விதமும் மடியில் வைத்துப் பிடிக்கும்போது திரளும் விதமும் ஒன்றல்ல. பிதுங்கி வெளியே வரும் பட்டியை அப்போதே வழித்துவிட்டு, இரவு முழுவதும் இறுக விட்டால் மறுநாள் அராவலாம்.

இதில் நான் மிகவும் கவனம் செலுத்தும் இடம் ஆள்காட்டி விரல். அந்த விரல் ட்ரிகரைத் தவிர வேறு எதையும் தொடக் கூடாது. அதன் அடிப்பகுதி மரத்தின் பக்கவாட்டில் உரசிக்கொண்டிருந்தால், விரல் மடங்கும் ஒவ்வொரு தடவையும் பிஸ்டலைப் பக்கவாட்டில் தள்ளும்; சுடுபவர் தன் ட்ரிகர் பழக்கத்தைக் குறை சொல்லிக்கொண்டே பல மாதங்களைக் கழித்துவிடுவார். ஒரு தடித்த தாளை விரலுக்கும் மரத்துக்கும் இடையே விட்டுப் பார்த்து, அது தடையின்றிப் போகும்வரை அந்த இடத்தை மட்டும் வட்ட அரத்தால் சிறிது சிறிதாக எடுக்க வேண்டும். கைப்பிடியில் நான் தயக்கமின்றி மரத்தைக் குறைக்கச் சொல்வது இந்த ஒரு இடத்தில்தான்.

எவ்வளவு வேண்டுமானாலும் நிரப்பலாம் என்று நினைத்துவிடவும் கூடாது. சர்வதேசத் துப்பாக்கி சுடுதல் சம்மேளனத்தின் விதிப்படி பிஸ்டல் முழுவதும் 420 × 200 × 50 மி.மீ. அளவுள்ள பெட்டிக்குள் அடங்க வேண்டும், எடை 1500 கிராமைத் தாண்டக் கூடாது. உள்ளங்கை அடிமேட்டைத் தாங்கும் தட்டு கைப்பிடிக்கு 90 பாகைக்குக் குறையாத கோணத்தில் நிற்க வேண்டும். அது மேல்நோக்கி வளைந்து கையைக் கவ்வக் கூடாது. கட்டைவிரல் தடையின்றி மேலே எழ முடிய வேண்டும், மணிக்கட்டுக்கு எந்தத் தாங்கலும் கிடைக்கக் கூடாது. ஆசையோடு பட்டி அப்புபவர்கள் பெரும்பாலும் சிக்குவது 50 மி.மீ. அகலத்தில்தான். அந்த உள்ளளவில் ஓர் அட்டைப்பெட்டியை நாமே செய்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் பிஸ்டலை அதில் வைத்துப் பார்த்துவிடுவது நல்லது.

வடிவம் சரியாகி, அந்தக் கைப்பிடியோடு சில வாரங்கள் சுட்டுப் பார்த்த பிறகே மெருகு வேலைக்குப் போக வேண்டும். 120 எண் உப்புத்தாளில் தொடங்கி 240, 320 என்று ஏறலாம். எப்போதும் மரத்தின் இழையோட்டத்தோடு தேய்க்க வேண்டும், குறுக்கே தேய்த்த கீறல் எண்ணெய் பட்டவுடன் பளிச்சென்று தெரியும். 320-க்கு மேல் போவது அலமாரியில் வைக்கும் பொருளுக்குப் பொருந்தும், கையில் பிடிக்கும் பொருளுக்கு அது வழுக்கலைத்தான் கொடுக்கும். இறுதித் தேய்ப்புக்கு முன் மரத்தை ஈரத்துணியால் துடைத்து உலரவிட்டால் இழைகள் சிலிர்த்து எழும். அவற்றை அப்போதே தேய்த்து அடக்கிவிட்டால், பின்னால் கை வியர்வை பட்டு அவை எழாமல் இருக்கும்.

நான் இருப்பது கடலோர நகரம் என்பதால் வியர்வையே என் முதல் கவலை. வார்னிஷும் பாலியூரித்தேன் பூச்சும் அழகாக மின்னும், ஆனால் வியர்த்த கையில் கண்ணாடியைப் பிடிப்பதுபோல் ஆகிவிடும். உப்பு நீர் ஒரு சிறு விரிசல் வழியாக உள்ளே போனால் பூச்சு செதில் செதிலாக உரியவும் தொடங்கும். காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய் மரத்துக்குள் ஊறி அங்கேயே இறுகுவதால் மேலே ஏடு படிவதில்லை. ஒரு துணித்துண்டில் சில சொட்டுகள் எடுத்து, மரம் சூடேறும்வரை உள்ளங்கையால் தேய்த்து, கால் மணி நேரம் கழித்து மேலே தங்கியிருப்பதை முழுவதுமாகத் துடைத்துவிட வேண்டும். துடைக்காமல் விட்ட எண்ணெய் பிசுபிசுவென்று நாள்கணக்கில் நிற்கும், ஐப்பசி மழையில் அது காயவே காயாது. ஒரு பூச்சுக்கும் அடுத்ததற்கும் இடையே வெயில் காலத்தில் ஒரு நாளும் மழைக் காலத்தில் மூன்று நான்கு நாட்களும் விடுகிறேன். எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிக் குப்பைத்தொட்டியில் போடவே கூடாது. ஆளிவிதை எண்ணெய் காற்றோடு வினைபுரிந்து சூடேறும், சுருட்டிய துணியில் அந்தச் சூடு வெளியேற வழியின்றித் தானாகவே தீப்பற்றும். விரித்து உலர்த்த வேண்டும், அல்லது தண்ணீரில் மூழ்கவைத்துவிட வேண்டும்.

பட்டி வைத்த இடம் எண்ணெயை உறிஞ்சாது. அங்கே நிறம் வேறாகவே நிற்கும். சிலர் பட்டியில் மரத்தூளைக் கலந்து இதை மறைக்கப் பார்க்கிறார்கள். எனக்கு அந்தத் திட்டு உறுத்துவதே இல்லை. எங்கே எவ்வளவு சேர்த்தேன் என்பதைப் பின்னாளில் பார்த்தவுடன் சொல்ல அதுவே உதவுகிறது. மெருகேற்றியதில், பிடி வழுக்காமலிருக்க மரத்தில் குத்தியிருந்த பழைய புள்ளிக்குழிகள் மறைந்து பிடி வழுக்கினால், கூர்முனை ஆணியும் சிறு சுத்தியலும் கொண்டு விரல்கள் சுற்றும் பகுதியில் மட்டும் நெருக்கமாகப் புள்ளி குத்தலாம். பொறுமையான வேலை இது, பலன் கைக்கு உடனே தெரியும்.

உலோக உடலைப் பொறுத்தவரை மென்மையான துணியும் துளி எண்ணெயும் போதும். போட்டிப் பிஸ்டல்களின் சட்டகம் பெரும்பாலும் அனோடைஸ் செய்த அலுமினியம். எஃகுக்கான நீலமேற்றும் திரவம் அதில் வேலை செய்யாது, உப்புத்தாள் பட்ட இடத்தை வீட்டில் பழைய நிலைக்குக் கொண்டுவரவும் முடியாது.

வேலை முடிந்து கைப்பிடியை மாட்டியதும், கை உட்காரும் இடம் மாறியிருப்பதால் விரல் ட்ரிகரைத் தொடும் இடமும் மாறியிருக்கும். ட்ரிகர் நாவை அதற்கென்று உள்ள திருகால் முன்னே பின்னே நகர்த்தி, விரலின் முதல் கணுவின் சதை அதன் நடுவில் படும்படி வைக்க வேண்டும். பிறகு சிலிண்டரில் காற்று இருக்க, பெல்லட் இல்லாமல் காக் செய்து (சுடும் பொறியைத் தயார் நிலைக்குக் கொண்டுவந்து), குழலைச் செங்குத்தாகப் பிடித்து, 500 கிராம் எடையை ட்ரிகரில் தொங்கவிட்டுத் தூக்கிப் பார்க்க வேண்டும். எடை எழும்வரை ட்ரிகர் விடுபடாமல் தாங்கினால் போட்டிச் சோதனையிலும் தேறும். சிலிண்டரைக் கையில் எடுக்கும்போதே அதில் பொறித்துள்ள தேதியையும் பார்த்துவிடலாம். உற்பத்தியாளர் குறித்த காலம் முடிந்த சிலிண்டரை மாற்றுவது விதிப்படி சுடுபவரின் பொறுப்பு.