கோழி ஈரலும் கூரியர் ஆபீசும்

சிறுவிடை, அசில் என்ற நாட்டுக்கோழி இனங்கள், பிராய்லர் ஆகிய மூன்றின் கல்லீரலிலும் கொழுப்பு உண்டாக்கும் மரபணுக்கள் எவ்வளவு வேலை செய்கின்றன என்று ஒப்பிடுவதுதான் என் ஆய்வு. நெறிமுறைக் குழு அனுமதி சிக்கலில்லாமல் வந்துவிட்டது. படாதபாடு எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

முதலில் கோழி வியாபாரி. "எல்லாம் ஒரே பொரிப்பு சார், எட்டு வாரம்தான்" என்றார். கூண்டுக்குள் ஒன்று கூவுகிறது, இன்னொன்றுக்குக் கொண்டையே முளைக்கவில்லை! வயது கலந்துவிட்டால் வித்தியாசம் இனத்தால் வந்ததா, வயதால் வந்ததா என்று பிரிக்கவே முடியாது. ஒரே நாளில் பொரித்த குஞ்சுகளை வாங்கி, ஒரே தீவனம் போட்டு நாங்களே வளர்த்தோம்.

அறுக்கும் நேரத்தையும் கவனியுங்கள். இரை இல்லாவிட்டால் கொழுப்பு உண்டாக்கும் மரபணுக்களில் ஒன்றான எஃப்ஏஎஸ்என் வேலை செய்யும் அளவு சில மணி நேரத்திலேயே சரிந்துவிடும். காலையில் பிராய்லர், மதியம் அசில் என்று அறுத்தால் நீங்கள் அளப்பது சாப்பாட்டு நேரத்தைத்தான். மூன்றையும் மாற்றி மாற்றி அறுங்கள். முட்டையிடும் பெட்டையைச் சேவலோடு கலக்கவே வேண்டாம். அதன் கல்லீரல் மஞ்சள்கருவுக்கான புரதங்களைத் தயாரிப்பதிலேயே மும்முரமாக இருக்கும்.

திரவ நைட்ரஜனில் உறைய வைத்த துண்டுகளை உலர்பனியில் வைத்து, வெளியூர் ஆய்வகத்துக்கு அனுப்பக் கூரியர் ஆபீசுக்குக் கொண்டுபோனேன்.

"உள்ளே என்ன?"

"கோழி ஈரல்."

"கறி பார்சல் எடுக்கிறதில்லைங்க."

ஆய்வுக் கடிதத்தைக் காட்டியும் அவர் மசியவில்லை. வேறொரு கூரியர்காரர் வாங்கிக்கொண்டார், அதுவும் வெள்ளிக்கிழமை மாலை. சனி, ஞாயிறு முழுக்கப் பெட்டி கிடங்கில் கிடந்து, உலர்பனி தீர்ந்து, ஈரல் உருகித்தான் போய்ச் சேர்ந்தது. மரபணு வேலை செய்யும்போது உண்டாகும் நகல்தான் ஆர்என்ஏ; அது எவ்வளவு சிதையாமல் இருக்கிறது என்று பத்துக்குப் போடும் மதிப்பெண் ஆர்ஐஎன். ஆய்வகம் அனுப்பிய ஆர்ஐஎன் மதிப்பு நாலு. குறைந்தது ஏழாவது வேண்டும்.

நல்லவேளை, ஒவ்வொரு ஈரலிலும் பாதியை மைனஸ் 80 டிகிரியில் வைத்திருந்தோம். அதிலிருந்து ஆர்என்ஏவை இங்கேயே பிரித்தெடுத்து, இரவு ரயிலில் மடியில் வைத்துக் கொண்டுபோனேன். எல்லாமே எட்டுக்கு மேல்! கூரியரை விட்டால் வழியில்லை என்றால் உறைய வைக்காத புதுத் துண்டுகளை ஆர்என்ஏலேட்டர் என்ற, ஆர்என்ஏ சிதையாமல் காக்கும் திரவத்தில் ஊறவைத்து அனுப்புங்கள், 25 டிகிரியில் ஒரு வாரம் தாங்கும். அரை சென்டிமீட்டருக்கு மேல் தடித்த துண்டில் மட்டும் அது சரியாக இறங்காது.

பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுதினேன். "உங்கள் பார்சல் நல்ல முறையில் டெலிவரி செய்யப்பட்டது" என்று பதில் வந்திருக்கிறது.